எத்தனை சென்ட் வீடு?

கோப்பிங்கன்,
ஜெர்மனி

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மா போனில் கேட்ட கேள்விக்கு அப்போது பதில் சொல்ல முடியவில்லை. பக்கத்தில் ஆபீஸ் ஆட்கள் நின்றிருந்தார்கள். "ஏங்கண்ணு, அந்த வீடு எத்தனை சென்ட்டு?" என்றார். இப்போது சொல்கிறேன், அம்மாவுக்கு நிதானமாகப் படித்துக் காட்டு. அந்த வீட்டின் உயரம் பதினோரு சென்டிமீட்டர். பத்திரம் கிடையாது. பட்டா கிடையாது. அட்டைப் பெட்டியில் பிளாஸ்டிக் துண்டுகளாக வந்தது. நகவெட்டியால் நறுக்கி, பசை வைத்து ஒட்டினேன்.

நான் குடும்ப வாட்ஸப்பில் போட்டது மாடல் ரயிலின் போட்டோ. "மச்சினன் ஜெர்மனியில் வீடு வாங்கிட்டான், ஸ்டேஷன் பக்கத்திலேயே" என்று ஊர் முழுக்க அனுப்பியது மாமா. அதற்குப் பெரியப்பா 'போர் போட்டாச்சா, எத்தனை அடியில் தண்ணி?' என்று கேட்டிருக்கிறார். கிரகப்பிரவேசத்துக்குச் சொல்லவில்லை என்று அத்தை பேச்சை நிறுத்திவிட்டார். சின்ன மாமன் கைமாத்தாக ஐந்து லட்சம் கேட்டு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார். எல்லோருக்கும் தனித்தனியாக விளக்கம் சொல்லி முடிப்பதற்கு நிஜமாகவே ஒரு வீடு வாங்கியிருக்கலாம்.

பொம்மையை வைத்து விளையாடும் வயசா என்று மாமா கேட்பார். இந்த ஊரில் அந்தக் கேள்வியைக் கேட்டால் ஊரைவிட்டு அனுப்பிவிடுவார்கள். மார்க்ளின் கம்பெனி இந்தக் கோப்பிங்கனில்தான் இருக்கிறது. 1859-ல் பொம்மை வீட்டுக்கான தகரச் சாமான் செய்து ஆரம்பித்தவர்கள், 1891-ல் லைப்சிக் சந்தையில் எட்டுப் போட்ட தண்டவாளத்தோடு பொம்மை ரயிலைக் காட்டினார்கள். நம் நாமக்கல்லுக்கு நிஜ ரயில் வந்தது 2013-ல். நடுவில் 122 வருடம். இவர்களுடைய கொள்ளுத்தாத்தாக்கள் தரையில் உட்கார்ந்து ரயில் ஓட்டிவிட்டார்கள்; நம் காலத்திலும் ஊரில் ரயிலைப் பார்ப்பதற்கே பஸ் ஏறிச் சேலம் ஜங்ஷன் போக வேண்டியிருந்தது, இல்லையென்றால் கரூர். இந்தியாவுக்கே லாரிப் பாடி கட்டிக்கொடுக்கும் ஊருக்கு ஒரு தண்டவாளம் போட இத்தனை காலம். அதுவும் நான் இங்கே கிளம்பி வந்த பிறகு.

அதனால்தான் அடித்தளத்து அறையில் நாமக்கல் ஸ்டேஷனைக் கட்ட உட்கார்ந்தேன். எச்-ஜீரோ என்றொரு அளவு. எல்லாவற்றையும் 87-ஆல் வகுக்க வேண்டும். மனிதன் இரண்டு சென்டிமீட்டர். சேலத்திலிருந்து கரூருக்குச் சுமார் 85 கிலோமீட்டர். 87-ஆல் வகுத்தாலும் ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம்தான் குறைவு. என் அறையில் கட்டில் போட்டால் கால் வெளியே நீளும். ஆகவே மல்லூர், ராசிபுரம், புதுச்சத்திரம், களங்காணி எல்லாம் சுவரில் ஒட்டிய படம். நாமக்கல் ஸ்டேஷனும் மோகனூர்ப் பாலமும் மட்டும் மேஜைமேல்.

மலைதான் பெரிய தலைவலி. கோட்டை மலை 65 மீட்டர் ஒற்றைக் கல்; 87-ஆல் வகுத்தால் 75 சென்டிமீட்டர். மேஜைமேல் வைத்தால் ஹீட்டர் குழாயில் இடிக்கிறது. தெர்மோகோலைச் சீவிப் பாதியாக்கினேன். ஆஞ்சநேயரைச் சுருக்க மட்டும் மனம் வரவில்லை. 18 அடி, கணக்குப்படி ஆறேகால் சென்டிமீட்டர், அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். மலையைப் பார்க்க அவர் கொஞ்சம் ஓங்கித்தான் நிற்கிறார். ஊரில் கூரையே வேண்டாமென்று வெயிலிலும் மழையிலும் நிற்பவருக்கு இங்கே தலைக்கு மேல் வெந்நீர்க் குழாய். குளிர் ஊரில் அதுவும் ஒரு சேவை என்று வைத்துக்கொள்.

இனி மண் விவகாரம். நம் காட்டுச் செம்மண் ஒரு பிடி அனுப்பு என்று உன்னிடம் கேட்டேன் அல்லவா? நீயும் சலித்து, வெயிலில் காயவைத்து, முறுக்கு டப்பாவுக்கும் மிளகாய்த்தூளுக்கும் நடுவில் வைத்து அனுப்பினாய். பார்சல் வரவில்லை. சுங்கத்திலிருந்து கடிதம் வந்தது, நேரில் வரச் சொல்லி. நான் லீவு போட்டு, இஸ்திரி போட்ட சட்டையோடு போனேன். அதிகாரி கையுறை மாட்டிக்கொண்டு உன் பொட்டலத்தைத் தூக்கிக் காட்டினார்.

"இது என்ன?"

"மண்."

"என்ன உபயோகம்?"

"ஸ்டேஷன் பக்கத்தில் போட."

"எந்த ஸ்டேஷன்?"

"நாமக்கல்."

"அது எங்கே இருக்கிறது?"

"என் வீட்டு அடித்தளத்தில்."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

பிறகு அமைதியாக விளக்கினார். சுவிட்சர்லாந்து மாதிரி பக்கத்து நாடு என்றால் வேறு. நம் நாட்டிலிருந்தெல்லாம் ஐரோப்பிய யூனியனுக்குள் மண் வரவே கூடாது. ஒரு ஸ்பூன் என்றாலும் கூடாது. மண்ணில் நூற்புழு இருக்கும், பூஞ்சை வித்து இருக்கும், இங்கத்து உருளைக்கிழங்குக்கு ஆகாது. அதைக் கேட்டு அப்பா கோபப்பட வேண்டாம்; மஞ்சளுக்கு வேர்முடிச்சு வந்தபோது அவர் பட்டது நமக்குத் தெரியும். ஆனால் என் ஸ்டேஷனில் உருளைக்கிழங்கு போடவில்லை என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். வறுத்துக் கொடுக்கட்டுமா என்றேன். வாணலியில் வறுத்த மண்ணுக்கு அவரிடம் படிவம் இல்லை. ஒரு பக்கக் காகிதத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு நம் காட்டு மண்ணை அழித்துவிட்டார்கள். அழித்ததற்கு ரசீதும் கொடுத்தார்கள். வைத்திருக்கிறேன், தேவைப்பட்டால் அப்பா சிட்டாவில் ஒரு பிடி மண்ணைக் கழித்துக்கொள்ளலாம்.

விட்டேனா? வீட்டுக்கு வந்து சட்டத்தையே எடுத்துப் படித்தேன். 2019 டிசம்பர் முதல், பழம் காய் எது கொண்டுவந்தாலும் பயிர்நலச் சான்றிதழ் வேண்டும். ஐந்துக்கு மட்டும் விலக்கு. அன்னாசி, தேங்காய், வாழைப்பழம், பேரீச்சை, டுரியன். தேங்காய், பழத்துக்கு விலக்கு என்றால் அர்ச்சனைத் தட்டில் முக்கால்வாசி தேறிவிட்டது. வெற்றிலைக்குத்தான் சான்றிதழ், பரமத்திவேலூர்க் கொடிக்கால்காரர் யாராவது எழுதித் தந்தால் செல்லாதாம். நெய் பால் வகையில் சேரும், அதனால் ராசிபுரம் நெய்யும் எல்லையோடு நின்றுவிடும். அடுத்த தடவை அம்மாவிடம் சொல், பெட்டியில் துணிக்கு நடுவில் சுற்றி வைக்க வேண்டாம் என்று. என் முகத்தைப் பார்த்தாலே அவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

சுங்கத்தில் மிளகாய்த்தூளுக்கு மட்டும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அந்தக் கவுன்டரிலேயே எனக்கு யோசனை வந்துவிட்டது. மிளகாய்த்தூள் இரண்டு பங்கு, மல்லித்தூள் ஒரு பங்கு, வடிகட்டிய காப்பித்தூள் காயவைத்தது ஒரு பங்கு. பசைத் தண்ணீர் தெளித்து மேலே தூவினால் சத்தியமாக நம் களங்காணிக் காடு. தண்டவாளத்துக்கு நடுவில் ஜல்லிக்கு ரவை. நிஜ ஜல்லியை 87-ஆல் வகுத்துப் பார், ரவை சரியாக இருக்கும். முதலில் வறுக்காத ரவையைக் கொட்டிவிட்டேன், வண்டு விழுந்துவிட்டது. இரண்டு சென்டிமீட்டர் மனிதர்கள் நிற்கும் பிளாட்பாரத்தில் ரவை வண்டு எருமைக்கன்று மாதிரி நடந்து போனது. அதையும் போட்டோ எடுத்தேன், அதைத்தான் பெரியப்பா "கன்று போட்டிருக்கா?" என்று கேட்டார்.

மாதா மாதம் இங்கே ரயில்காரர்கள் சங்கம் கூடும். ரிட்டயர்டு ஆட்கள், காப்பி, கேக். ஆளாளுக்குத் தன் மேஜையின் போட்டோவைத் திரையில் போட்டுக் காட்ட வேண்டும். அதற்கும் ஒரு தொழில் இருக்கிறது. மேலிருந்து எடுத்தால் பொம்மை. கேமராவை அந்த இரண்டு சென்டிமீட்டர் மனிதனின் கண் மட்டத்துக்கு இறக்கினால் ஊர். செல்போனைத் தலைகீழாகப் பிடித்து, லென்ஸ் தண்டவாளத்தைத் தொடுகிற மாதிரி வைக்க வேண்டும். ஒரே பக்கம் ஒரே விளக்கு, அதுதான் சூரியன். பெரிய கேமராவில் என்ஜின் தெளிந்தால் மலை கலங்கிவிடும். போனின் சின்ன லென்ஸில் இரண்டும் ஓரளவு தெரியும். அம்மா ஏமாந்ததற்கு அதுதான் காரணம், அவர்மேல் தப்பில்லை.

நான் போட்ட படத்தைப் பார்த்து சபை கொஞ்ச நேரம் பேசவில்லை. எனக்கு ஒரே பெருமை. பிறகு ஒரு பெரியவர் எழுந்து, இந்திய அகலப்பாதை 1676 மில்லிமீட்டர், 87-ஆல் வகுத்தால் 19.3 வர வேண்டும், உன் தண்டவாளம் 16.5-தான், இது ஜெர்மன் பாதை என்றார். ஒருத்தர் பிளாட்பாரத்தில் மக்கள் ஏன் தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கேட்டார். ரயில் லேட் என்றேன். இங்கேயும் ரயில் லேட்தான், ஆனால் நாங்கள் நின்றுகொண்டே திட்டுவோம் என்றார். அந்த மனிதர்கள் உண்மையில் கோட்டுப் போட்ட ஜெர்மன் பயணிகள். இடுப்புக்குக் கீழே வெள்ளைப் பெயிண்ட் அடித்து வேட்டியாக்கியிருக்கிறேன். ஒரு பனிச்சறுக்குக்காரரின் கம்பைப் பிடுங்கிவிட்டு ஆடு மேய்க்க விட்டிருக்கிறேன். இன்னொருத்தர் எட்டிப் பார்த்து மண்ணின் நிறத்தைப் பாராட்டி, முகர்ந்து பார்த்தார். அன்றைக்குக் கூட்டம் அதோடு கலைந்தது.

மாமா ஒரே பார்வையில் பிடித்த தப்பை அந்தச் சபையில் ஒருத்தரும் பிடிக்கவில்லை. "லாரியில் ஸ்டீரிங் இடது பக்கம் இருக்குது, இந்த வண்டிக்கு எந்த ஆர்.டி.ஓ. எஃப்.சி. கொடுத்தான்?" என்றாராம். என்ன செய்வது, இங்கே விற்கிற லாரியெல்லாம் அப்படித்தான். முன்னால் எலுமிச்சை மிளகாய் கட்டி, பின்னால் 'சவுண்ட் ஹாரன்' எழுதி நிறுத்தியிருக்கிறேன். மாமாவிடம் சொல், கண்ணாடியில் கருப்பு பெயிண்ட் அடித்துவிடுகிறேன், ஸ்டீரிங் எந்தப் பக்கம் என்று யாருக்கும் தெரியாது.

பெரியவர்கள் செய்கிற வேலையா இது என்று அவர் இன்னும் முணுமுணுத்தால், பூனாவில் ஜோஷி என்பவர் ஆயுசு முழுக்கச் செய்த சின்ன ரயில் ஊர் ஒன்று 1998 முதல் மியூசியமாகவே திறந்திருக்கிறது என்று சொல். ஹாம்பர்க்கில் இரட்டைப் பிள்ளைகள் இரண்டு பேர் 2001-ல் திறந்ததைப் பார்க்க உலகமே வரிசையில் நிற்கிறது. நான் அந்த வரிசையில் கடைசி ஆள், அவ்வளவுதான்.

மோகனூர்ப் பாலத்துக்குக் கீழே காவிரியில் தண்ணீர் விடவில்லை. தண்ணீருக்கு ஊற்றுகிற ரெசின் விலை அதிகம். ஆற்று மணல் நிறத்தில் மல்லித்தூள் மட்டும் தூவியிருக்கிறேன். ஜூன் 12-ல் மேட்டூர் அணை திறந்தால் ஒரு பாட்டில் வாங்கி ஊற்றலாம் என்று எண்ணம். அந்தச் செய்தியை வருடா வருடம் நம் ஊர்க்காரன் எவனையும்விட முதலில் படிக்கிறவன் நானாகத்தான் இருப்பேன்.

ராத்திரி பத்துக்கு மேல் இந்தக் கட்டடத்தில் சத்தம் கூடாது. அதனால் ஹாரன் ஒலியை நிறுத்திவிட்டு ரயிலை மட்டும் ஓட்டுவேன். பாலத்தைத் தாண்டி, மலையைச் சுற்றி, ஸ்டேஷனில் வந்து நிற்கும். ஏறுகிறவர் இல்லை, இறங்குகிறவர் இல்லை. ஊருக்கு வரும்போதெல்லாம் பெங்களூரில் இறங்கி மாமா அனுப்பும் காரில் தூங்கிக்கொண்டே வந்துவிடுகிறேன். நிஜ நாமக்கல் ஸ்டேஷனில் நான் இதுவரை ரயில் ஏறியதில்லை. போன வாரம் உன் மகனிடம் கேட்டால், அவனும் ஏறியதில்லை என்கிறான். வீட்டில் வண்டி இருக்கும்போது ரயில் எதற்கு என்று கேட்கிறான். லாரிக்காரர் பிள்ளை, வேறெப்படிக் கேட்பான்.

ஒரு வேண்டுகோள், அக்கா. அடுத்த ஞாயிறு அம்மாவையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு நாமக்கல்லில் ஏறிக் கரூர் வரை போய் வாருங்கள். மாமாவையும் இழுத்துக்கொண்டு போ, லாரி ஒரு நாள் நிற்கட்டும். பெயர்ப் பலகை, பிளாட்பாரக் கூரை, தண்ணீர்க் குழாய், பெஞ்சு, எல்லாவற்றையும் தரை மட்டத்தில் குனிந்து எடுத்து அனுப்பு. யார் சிரித்தாலும் பரவாயில்லை. மோகனூர் தாண்டிப் பாலம் வரும்போது அம்மாவை ஜன்னலோரம் உட்காரவை. ஆற்றில் தண்ணீர் இருந்ததா என்று மட்டும் அன்றைக்கே போன் செய்து சொல்.

அன்புடன்,
உன் தம்பி