எங்களுக்கு என்ன வேண்டும் என்று தெரிவித்தமைக்கு நன்றி

அனுப்புநர்: நான்காவது குறுக்குத் தெருவாசிகள்
பெறுநர்: மாநகராட்சி ஆணையர் அவர்கள்
பொருள்: பகுதி சபைக் கூட்டம் – நன்றி தெரிவித்தல் – தொடர்பாக
பார்வை: அரசியலமைப்பின் 74-ஆவது திருத்தம், 1992

மதிப்பிற்குரிய ஐயா,

மூன்று லட்சமும் அதற்கு மேலும் மக்கள் வாழும் நகரங்களில் வார்டு குழு வேண்டும் என்கிறது பார்வையில் கண்ட திருத்தம். அதற்கும் கீழே பகுதி சபை கூட்டி, மக்களிடமே தேவைகளைக் கேட்கத் தமிழ்நாட்டில் விதிகள் வந்தது 2022-இல். முப்பது வருஷம்! அவசரப்பட்டுக் கேட்டுவிடக் கூடாது என்ற நிதானம் எங்களுக்குப் பிடித்திருந்தது. அந்த வருஷம் நவம்பர் 1 அன்று பம்மலில் நடந்த கூட்டத்துக்கு முதலமைச்சரே வந்தார். எங்கள் தெருவுக்கு ஷாமியானா வந்தது.

வேலைநாள், காலை பத்து மணி. ஆகவே மக்கள் என்பது பென்ஷன்காரர்களும், லாரித் தண்ணீருக்குக் குடத்தை வரிசையில் போட்டுவிட்டு வந்த பெண்களும்தான். கவுன்சிலரம்மா தலைமை, பேசியது அவர் கணவர். நுழைந்ததுமே நோட்டில் கையெழுத்து வாங்கினார்கள். பக்கத்தின் மேல்பாதி காலி. "தீர்மானத்தை அப்புறம் எழுதிக்குவோம் சார், நீங்க போடுங்க" என்றார் எழுத்தர். போட்டோம். டீ கொடுத்தார்கள்.

பிறகு தேவை கேட்டார்கள். விடியற்காலையில் குழாயைத் திறந்தால் முதல் நாலு குடம் சாக்கடை வாடை அடிக்கிறது. குடிநீர்க் குழாயும் பாதாளச் சாக்கடையும் எங்கோ ஒட்டி உறவாடுகின்றன, தோண்டிப் பாருங்கள் என்றோம். பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டு ரோடு உயர்ந்துவிட்டது, மழை பெய்தால் தண்ணீர் நடுவீட்டுக்கு வருகிறது என்றோம். உதவிப் பொறியாளர் தலையாட்டித் தலையாட்டி எழுதிக்கொண்டார். பக்கத்தில் இருந்த பெரியவர் எட்டிப் பார்த்தார்: வேறு ஏதோ தெருவின் ஜல்லிக் கணக்கு.

எங்கள் அறியாமையைத் தாங்கள் பொருட்படுத்தவில்லை. தெருமுனையில் திறந்தவெளி உடற்பயிற்சிக்கூடம் வந்துவிட்டது. 'பொதுமக்களின் ஏகோபித்த கோரிக்கையை ஏற்று' என்று பலகையும் இருக்கிறது. அதே பலகையில் உள்ள பணி ஆணைத் தேதி, கூட்டத்துக்கு முந்தைய மாதத்தது. நாங்கள் வாயைத் திறக்கும் முன்பே மனசைப் படித்துவிட்டீர்களே, ஐயா! குறை சொல்வதற்கில்லை. கம்பிகளில் போர்வை நன்றாகக் காய்கிறது. தவிர, எங்கள் தெருவில் ரோட்டு மட்டத்துக்கு மேலே இருப்பது அந்தக் கூடத்தின் மேடை ஒன்றுதான். ஐப்பசியில் ஏறி நிற்க ஆகும்.

ஒரே விண்ணப்பம். அடுத்த கூட்டத்தின் தீர்மானத்தை ஒரு வாரம் முன்னதாக அனுப்பிவையுங்கள். அதில் உள்ளதையே கேட்டுவிடுகிறோம். செயற்கை நீரூற்று என்றால் கட்டாயம் சொல்லுங்கள். அந்தத் தண்ணீரும் வாடை அடிக்குமா என்று கேட்கக்கூடியவர்கள் இங்கே சிலர் இருக்கிறார்கள். அன்றைக்கு அவர்களை வீட்டிலேயே இருக்கச் சொல்லிவிடுகிறோம்.

இப்படிக்கு,
தெருவாசிகள்

(கையெழுத்துகள் தங்கள் நோட்டிலேயே உள்ளன, அங்கிருந்து எடுத்துக்கொள்ளவும்.)