ஏழு பேர்ச் முதலாளி

ஹட்டனைச் சுற்றியுள்ள தோட்டங்களில் முதன்முதலாகச் சொந்த வீடு கட்டப் புறப்பட்டவரை அவருடைய சட்டைப்பையை வைத்தே அடையாளம் காணலாம். நீளவாக்கில் மடித்த எண்பது பக்க அப்பியாசக் கொப்பி ஒன்று அதிலிருந்து எட்டிப் பார்க்கும். கொப்பியின் முன்பக்கங்களில் மகளின் தரம் நான்கு சுற்றாடல் பாடம் இருக்கும். கடைசிப் பக்கத்திலிருந்து பின்னோக்கி வீடு வளரும். பாடமும் வீடும் நடுவில் சந்திப்பதற்குள் கட்டி முடித்துவிடலாம் என்பது அவருடைய முதல் நம்பிக்கை.

இவருக்கு வயது நாற்பத்தைந்துக்கும் ஐம்பத்தைந்துக்கும் இடையில் இருக்கும். தோட்டத்தில் வேலை செய்பவராகவும் இருக்கலாம், கொழும்புக் கடையொன்றில் இருபது வருடம் கணக்கெழுதித் திரும்பியவராகவும் இருக்கலாம். ஆசிரியர்களிலும் இவ்வினம் உண்டு. அவர்களுடைய கொப்பியில் சிவப்புக் கோடு போட்டிருக்கும், கூட்டல் மட்டும் அதே மாதிரிப் பிழைத்திருக்கும். தோட்டத்தில் பிரித்துக் கொடுத்ததோ, டிக்கோயா, கொட்டகலைப் பக்கம் சேமிப்பில் வாங்கியதோ, கையில் ஏழு பேர்ச் காணி இருக்கும். ஒரு பேர்ச் 272 சதுர அடியும் சொச்சமும். ஏழுக்கும் சேர்த்து 1,905. பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பராவில் பிறந்து, அங்கேயே கலியாணம் கட்டி, அங்கேயே பிள்ளை பெற்றவருக்கு 1,905 என்பது ஒரு தேசத்தின் பரப்பளவு. வேலை முடிந்து வரும் வழியில் அதைத் தினமும் காலால் அளப்பார். ஒருநாள் கூடும், ஒருநாள் குறையும். கூடிய நாளின் அளவுதான் கொப்பியில் ஏறும்.

2015க்குப் பிறகு மலையக வீடமைப்பில் ஏழு பேர்ச் காணியும் 550 சதுர அடித் தனிவீடும் ஓர் அளவுகோலாகிவிட்டன. 2017 மே 12 அன்று நோர்வூட் மைதானத்தில் இந்தியப் பிரதமர் மோடி, ஏற்கெனவே கட்டிவந்த 4,000 வீடுகளுக்கு மேல் இன்னும் 10,000 வீடுகளை அறிவித்தார். அன்றிலிருந்து தோட்டங்களில் இரண்டு வகையினர் உண்டு. பட்டியலில் பெயர் வரும் என்று காத்திருப்பவர் ஒருவர். வராது என்று தீர்மானித்துக் கொப்பி வாங்கியவர் மற்றவர். இங்கே பேச்சு இரண்டாமவரைப் பற்றியது.

இவருடைய முதல் மதிப்பீடு எப்போதும் மூன்று வரிதான்: சாமான், மேசன் பாஸின் கூலி, பால் காய்ச்சும் செலவு. மூன்றில் கவனமாகக் கணக்கிட்டது மூன்றாவது. யாரைக் கூப்பிடுவது, எத்தனை இலை போடுவது, ஐயருக்கு எவ்வளவு, ஒலிபெருக்கிக்கு எவ்வளவு என்று அதற்கு மட்டும் உட்பிரிவுகள் இருக்கும். வாசல்படி எத்தனை வரும் என்று கேட்டால் பதில் வராது; பந்தியில் எத்தனை கறி என்று கேட்டால் உடனே வரும்.

கணக்கின் அலகு ரூபாய் அன்று, பேர். தோட்டத்தில் ஒரு நாள் வேலை ஒரு பேர். 2024இல் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய் ஆனது. இந்திய உதவித் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு ஒதுக்கும் தொகை 28 இலட்சம் என்று கேள்விப்பட்டதும் இவர் அதை நாட்சம்பளத்தால் வகுத்துப் பார்ப்பார். 2,074 பேர் வரும். மாதம் 25 பேர் விழுந்தால் ஏழு வருடத்துக்கு ஒரு மாதம் குறைவு. அந்த ஒரு மாதம் குறைந்ததில் அவருக்கு ஏற்படும் ஆறுதல் பெரிது. அத்தனை காலமும் யாரும் சாப்பிடக்கூடாது என்ற நிபந்தனை கொப்பியில் எங்கும் எழுதப்படுவதில்லை.

கணக்கு பிழைப்பதற்குக் காரணம் இவருடைய படிப்புக் குறைவு என்று சொல்வோர் உண்டு. அது தவறு. யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ வீடு கட்டுகிறவர் தன் அப்பாவிடம் போய், “நம்ம வீட்டுக்கு எத்தனை மூட்டை போச்சு?” என்று கேட்கலாம். இவர் யாரைக் கேட்பது? அப்பா இருந்ததும் தாத்தா இருந்ததும் கம்பெனியின் லயம். கூரையில் ஓட்டை விழுந்தால் தோட்டத் தொரையிடம் சொல்ல வேண்டும். பின்பக்கம் நாலு தகரம் இறக்கிக் குசினி வைப்பதற்கும் அனுமதி வேண்டும். கோப்பிக் காலத்திலிருந்து எண்ணினால் இருநூறு வருடமாக இந்த மலைகளில் பாலமும் பாதையும் தொழிற்சாலையும் கட்டிய பரம்பரைக்கு, தன் வீட்டைக் கட்டிய அனுபவம் மட்டும் கிடையாது. ஆகவே இவருடைய மதிப்பீடு பரம்பரையிலேயே முதலாவது. முதலாவது எதுவும் இவ்வளவு பிழையாகத்தான் இருக்கும்.

அடுத்தது நாள் பார்ப்பது. வாஸ்து புருஷன் ஆனி, புரட்டாதி, மார்கழி, பங்குனி ஆகிய நான்கு மாதங்களில் கண் விழிப்பதே இல்லை. மிச்சம் எட்டு. வைகாசி, ஆடி, ஆவணி மூன்றையும் தென்மேற்குப் பருவமழை எடுத்துக்கொள்ளும். பக்கத்து வட்டவளையில் வருடத்துக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் பெய்யும் மழை, அத்திவாரக் குழியைக் கிணறாக்க அதிக நேரம் எடுப்பதில்லை. ஐப்பசியும் கார்த்திகையும் பின்னேர இடிமழைக்குப் போகும். சித்திரையில் புதுவருடத்துக்கு ஊருக்குப் போன பாஸ் எப்போது திரும்புவார் என்பது பஞ்சாங்கத்திலும் இல்லை. தையும் மாசியும் மிஞ்சும். அந்த இரண்டு மாதத்திலும் பஞ்சாங்கம் பார்த்த எல்லோருக்கும் ஒரே பாஸ்தான் வேண்டும்.

பாஸ் வந்து காணியைப் பார்ப்பது ஒரு சடங்கு. வாயில் வெற்றிலையுடன் ஒரு சுற்று சுற்றிவருவார். நீண்ட நேரம் ஒன்றும் சொல்லமாட்டார்.

“என்ன பாஸ், எவ்வளவு வரும்?”

“கட்டக் கட்டத் தெரியும்ணே.”

உலகத்திலேயே மிகத் துல்லியமான மதிப்பீடு இது. ஆனால் கொப்பியில் எழுத முடியாது என்பதால் நம் ஏழு பேர்ச் முதலாளி இதை ஏற்பதில்லை. “சும்மா ஒரு கணக்குக்குச் சொல்லுங்க” என்று வற்புறுத்துவார். பாஸ் அவருடைய முகத்தைப் பார்த்து, அந்த முகம் தாங்கக்கூடிய ஒரு தொகையைச் சொல்வார். கொப்பியில் மை பேனாவால் எழுதப்படும் ஒரே எண் அதுதான்.

மலைநாட்டில் வீட்டின் விலையை வீடு தீர்மானிப்பதில்லை, சரிவு தீர்மானிக்கிறது. ஏழு பேர்ச் என்பது காகிதத்தில் தட்டையானது. தரையில் அதன் மேல்முனைக்கும் கீழ்முனைக்கும் இடையில் ஒரு மாடி உயரம் இருக்கும். எனவே முதலில் மண் வெட்ட வேண்டும். வெட்டிய மண்ணைக் கொட்ட இடம் வேண்டும். கீழே கொட்டினால் கீழ்வீட்டு முதலாளி கொப்பியுடன் மேலே வருவார். வெட்டிய இடம் சரியாமல் பின்னால் கருங்கல் மதில் கட்ட வேண்டும். அந்த மதில் மண்ணுக்குள் மறைந்து நிற்பதால் அதற்குச் செலவழித்த காசை எந்த உறவினரும் பாராட்டுவதில்லை. கட்டுவதற்கு முன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிக்கையும், அதை வைத்துப் பிரதேச சபையின் அனுமதியும் எடுக்க வேண்டும். முன்பெல்லாம் அறிக்கை என்றால் இவர், “எங்க தாத்தா காலத்துல இருந்து இந்த மல இங்கதான் நிக்குது” என்பார். 2025 நவம்பரில் டித்வா புயல் வந்து மலைகள் நிற்காமல் நடந்ததைப் பார்த்தபின் அந்த வசனத்தைக் கைவிட்டுவிட்டார்.

அதற்குப் பிறகு பாதை. மணல் கியூப் கணக்கில் வரும். ஒரு கியூப் என்றால் 100 கன அடி. கொப்பியில் எழுதியிருப்பது லொறி நிற்கும் இடம் வரையான விலை. லொறி தார் ரோட்டில் நிற்கும். வீடு அங்கிருந்து தேயிலைக்கு நடுவே குறுக்குப் பாதையில் மேலே இருக்கும். தலைச்சுமையாக ஒரு கன அடி மணலுக்கு மேல் ஏற்ற முடியாது. ஒரு கியூபுக்கு நூறு நடை. அதற்கு மேல் கருங்கல், புளக் கல், கம்பி, ஐம்பது கிலோ சிமெந்து மூட்டைகள். இவற்றைக் கணக்கிலெடுத்தால், பாதி வீட்டின் பெறுமதி ரோட்டிலிருந்து காணிக்கு வரும் வழியிலேயே செலவாகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கத்து லயத்துப் பொடியன்கள் இலவசமாகத் தூக்கிக் கொடுப்பார்கள். அந்த இலவசத்துக்குக் காலையில் ரொட்டியும் கட்டச் சம்பலும், பகலுக்குக் கோழிக்கறியும், பொழுதுபட்டபின் கொப்பியில் எழுத முடியாத இன்னொன்றும் ஆகும். அந்த வரியை முதலாளி “வேறு” என்று மட்டும் குறித்துவைப்பார். மனைவிக்கு வாசிக்கத் தெரிந்த ஒரே வரியும் அதுதான்.

பணம் வரும் வழிகள் பலவாயினும் வரும் வேகம் ஒன்றே. மகன் கொழும்பிலிருந்து அனுப்புவது மாதம் பிறந்து பத்தாம் திகதிக்குப் பின். சீட்டுக் காசு கழிவு போக. தீபாவளி முற்பணம் தீபாவளிக்கே போதாது என்பது தோட்டம் அறிந்தது. இருந்தும் அது இரண்டு வருடமாகக் கொப்பியில் கம்பிச் செலவுக்கு எதிரே நிற்கும். ஊழியர் சேமலாப நிதியில் பத்து வருட அங்கத்துவமும் போதிய மீதியும் இருந்தால் வீட்டுக்காக 30 சதவீதம் முன்கூட்டி எடுக்கலாம். அதற்கான படிவம் நிரப்ப ஹட்டன் டவுனுக்கு மூன்று தடவை போய்வரும் பஸ் காசையும் இவர் நேர்மையாக எழுதிவைப்பார். கடைசியில் தாலிக்கொடி அடகுக் கடைக்குப் போகும். அதைப் பற்றிய பேச்சு வீட்டில் எழாதபடி அன்றைக்குச் சமையல் நன்றாக இருந்தது என்று சொல்வார்.

விலையேற்றத்தை வெல்ல இவர் கையாளும் உபாயம் முன்கூட்டி வாங்கி அடுக்குவது. 2021 தொடக்கத்தில் ஆயிரம் ரூபாயையொட்டி இருந்த சிமெந்து மூட்டை 2022இல் மூவாயிரத்தை எட்டியதைக் கண்டவர்களை இதற்காகக் குறைசொல்ல முடியாது. காம்பராவுக்குள் கட்டில்மேல் சிமெந்தும் கட்டிலுக்குக் கீழே குடும்பமும் படுத்த வீடுகள் உண்டு. ஹட்டன் ஈரத்துக்குக் குடும்பம் தாங்கியது, சிமெந்து தாங்கவில்லை. மூட்டையோடு கல்லானவற்றை இன்றைக்கும் பல வாசல்களில் படிக்கட்டாகக் காணலாம். மதிப்பீட்டில் இல்லாத படிக்கட்டு அப்படித்தான் கிடைத்தது.

ஆலோசனை சொல்லும் உறவினரைப் பற்றி அதிகம் விரிக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு மாமாவும் ஒரு சுவரை ஓரடி தள்ளிவிட்டுப் போவார்.

கட்டும் ஒழுங்கில் இவ்வினத்துக்கென்று ஒரு மரபு உருவாகிவிட்டது. கூரைத் தகரம் ஏறியதும் குசினியும் அல்ல, மலசலகூடமும் அல்ல, முன் இஸ்தோப்புதான் முதலில் முடியும். அதற்கு டைல்ஸ் பதித்து, இரண்டு தூணுக்கு வளைவு வைத்து, ரோட்டிலிருந்து பார்த்தால் தெரியும் பக்கத்துக்கு மட்டும் வர்ணம் பூசுவார். மற்ற மூன்று பக்கமும் பூச்சில்லாத புளக் கல்லாகவே பல வருடம் நிற்கும். இதை வீண் பகட்டு என்று சிரிப்பது எளிது. வரிசையில் எட்டாம் நம்பர் கதவு என்று மட்டுமே முகவரி இருந்தவர், தன் கதவை ரோட்டுக்குக் காட்ட நினைத்தால் அதில் நியாயம் இருக்கிறது. மலசலகூடத்தை முதலில் கட்டச் சொன்ன மனைவியின் பக்கத்தில் அதைவிட நியாயம் இருக்கிறது.

ஒரு தை மாதம், ஜன்னலுக்குக் கண்ணாடி இல்லாமல் பொலித்தீன் அடித்த வீட்டில் பால் பொங்கும். அன்றைய செலவு மட்டும் கொப்பியில் எழுதிய தொகைக்குள் அடங்கும். முழுத் திட்டத்திலும் சரியாக வந்த ஒரே கணக்கு அது. மறுவாரம் பக்கத்துக் காணிக்காரர் வந்து, “அண்ணே, அந்தக் கொப்பிய ஒருக்காத் தாங்களேன்” என்று கேட்பார். இவரும் கொடுப்பார், ஓர் இஞ்சினியருக்குரிய முகபாவத்துடன். இந்தப் பகுதியில் வீட்டுச் செலவு பற்றி இதைவிட நம்பகமான ஆவணம் கிடையாது. கறை படிந்த அடித்தல் திருத்தங்கள் ஒவ்வொன்றும் உண்மையானவை. இரவல் வாங்கிப் பார்ப்போர், “எதிர்பாராத செலவு – 5,000” என்று தொடக்கத்தில் எழுதிய வரியை மட்டும் நம்ப வேண்டாம். அதற்கு நேரே ரோட்டிலிருந்து உங்கள் காணி வரைக்கும் எத்தனை படி என்று முதலில் எண்ணி எழுதுங்கள்.