வலிக்கலையே, அப்புறம் என்ன?

கே: இம்பிளான்ட் பல் சொத்தையே ஆகாது என்றார்கள். பிறகு எதற்கு டாக்டர் அதைப் போய்க் குடைகிறார்? (வாசகர், கோவில்பதாகை)

தாடை எலும்பில் பதிக்கிற டைட்டானியம் இம்பிளான்ட் சொத்தையாகாதுதான். ஆனால் அதைத் தாங்கி நிற்கிற எலும்பும் ஈறும் உங்களுடையவை ஆயிற்றே! டாக்டர் குடையவில்லை, அளக்கிறார். மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பியை ஈறுக்கும் இம்பிளான்டுக்கும் நடுவே பதமாக இறக்கி, எத்தனை கோடு உள்ளே போகிறது, எடுத்ததும் ரத்தம் கசிகிறதா, சீழ் வருகிறதா என்று பார்ப்பார்.

கே: வலியே இல்லை. துலக்கும்போது மட்டும் பிரஷ்ஷில் லேசாகச் சிவப்பு. காட்டணுமா? (வாசகி, கோவில்பதாகை)

இந்த வாரமே காட்டுங்கள். இம்பிளான்டைச் சுற்றி வருகிற ஈறு நோய் பெரும்பாலும் வலிக்காமல்தான் வரும். ஈறு சிவந்து, வீங்கி, தொட்டால் ரத்தம் வருகிற கட்டத்தில் எலும்புக்குச் சேதமில்லை. நன்றாகச் சுத்தம் செய்து, வீட்டிலும் ஒழுங்காகத் துலக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும். எலும்பு கரையத் தொடங்கினால் அறுவை சிகிச்சை வரை போகலாம். கரைந்த எலும்பை முழுசாக மீட்பதும் கஷ்டம்.

எலும்பு இறங்கியிருக்கிறதா என்று சொல்ல, பல் கட்டியபோது எடுத்த எக்ஸ்ரேயோடு ஒப்பிட வேண்டும். அது இல்லாதவர்களுக்கு 2017-இல் சிகாகோவில் கூடிய அமெரிக்க, ஐரோப்பிய ஈறு நிபுணர்கள் ஓர் அளவு வகுத்தார்கள்: ரத்தக் கசிவு, கம்பி இறங்குவது 6 மி.மீ. அல்லது அதற்கு மேல் ஆழம், எலும்பு 3 மி.மீ. அல்லது அதற்கு மேல் இறக்கம். மூன்றும் சேர்ந்திருந்தால் எலும்புவரை நோய் போய்விட்டது என்று பொருள். அதனால் அந்த முதல் எக்ஸ்ரேயைப் பத்திரமாக வையுங்கள்.

கே: ஆட ஆரம்பித்ததும் போனால் போதாதா? (வாசகர், ஆவடி)

போதாது! சொந்தப் பல்லுக்கும் எலும்புக்கும் நடுவே நார் இருக்கிறது; எலும்பு குறையக் குறைய ஆடிக் காட்டிக்கொடுக்கும். இம்பிளான்ட் எலும்போடு நேராக ஒட்டியது. அடியில் கொஞ்சம் எலும்பு மிஞ்சியிருந்தாலும் அசையாது. அதுவே ஆடினால் கழற்றுவதைத் தவிர வழியில்லை. மேலே உள்ள கேப் மட்டும் ஆடினால் பயப்படாதீர்கள். உள்ளே திருகு தளர்ந்திருக்கலாம், முடுக்கினால் நிற்கும்.

கே: இந்த நோய் யாருக்கு அதிகம் வரும்? (வாசகர், அம்பத்தூர்)

ஈறு நோயால் பல்லை இழந்தவர்களுக்கு. பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்கு. கட்டுப்படாத சர்க்கரைக்காரர்களுக்கு. ஒருமுறை கட்டிவிட்டு, டாக்டர் பக்கமே போகாதவர்களுக்கும்.

கே: போட்ட கிளினிக்கையே மூடிவிட்டார்கள். எங்கே போவது? (வாசகி, கோவில்பதாகை)

ஈறு சிறப்பு மருத்துவர் எவரிடமும் போகலாம். சென்னையில் கோட்டை ரயில் நிலையம் அருகே அரசு பல் மருத்துவக் கல்லூரியில் ஈறு நோய்க்கென்றே தனித்துறை இருக்கிறது. இம்பிளான்ட் கம்பெனி பெயரும் அளவும் எழுதிய அட்டை கொடுத்திருந்தால் கையோடு கொண்டுபோங்கள். கேப்பைக் கழற்றுவதற்கே அந்தக் கம்பெனியின் திருப்புளி தேவைப்படலாம்.