நனையப் போற மாப்ளைக்கு

வாங்க மாப்ளெ, கட்டல்ல உக்காருங்க. போனஸ் வந்திருச்சாட்ட இருக்குது? எனக்கு ஆரும் சொல்லுலீங்க. கால்ல புதுச் செருப்பு, செல்போனுக்குப் புது ஒறை. ரெண்டும் ஒட்டுக்கா வந்தா, அதுக்கு முன்னாடி பணம் வந்திருக்கோணும்.

அம்மிணி மத்ததையெல்லாம் சொல்லிப் போட்டுது. துணிமணி, பட்டாசு, மளிகைக் கடைப் பாக்கி எல்லாம் போக இன்னும் கையில நிக்குதாம். அதைக் கொண்டுக்கிட்டு மேட்டுப்பாளையத்துப் பக்கம், ஊட்டி ரோட்டுல இருக்கற தண்ணிப் பார்க்குக்குப் புள்ளைங்களோட போறீங்களாம். கேட்டா, மிச்சப் பணம்தானேன்னீங்களாம். நெம்ப சந்தோசம். என்ற வாழ்நாள்ல மிச்சப் பணத்தை நான் அடுத்தவங்க பையிலதான் பாத்திருக்கறேன். நம்ம ஒறம்பரையில ஒருத்தர்கிட்ட அது இருக்குதுன்னா எனக்கும் பெருமைதானுங்களே.

ஒரு கணக்கு மட்டும் சித்தெ கேளுங்க. போனஸுக்குன்னு 1965-ல சட்டம் போட்டாங்க. எச்சாப் போனா 20 சதவீதம்னு அதுல வந்துது, கொறஞ்சது 8.33-ன்னு பொறவு ஆக்குனாங்க. அந்த 8.33 எங்கிருந்து வந்துதுன்னு ரோசனை பண்ணியிருக்கறீங்களா? 100-ஐப் பன்னண்டால வகுத்துப் பாருங்க. வருசம் பூராத் தைக்கறவனுக்கு இன்னும் ஒரு மாசக் கூலி, அவ்வளவுதான். அதையே மாசாமாசம் பிச்சுப் பிச்சுக் குடுத்திருந்தா டீயும் பன்னுமாப் போயிருக்கும், நீங்களும் ஊட்டுலயே இருந்திருப்பீங்க. ஒட்டுக்காக் குடுக்கவும், உங்குளுக்கு நனையோணும்னு தோணுது.

அதுவும் ஐப்பசியில. மேல நீலகிரியில மழை ஊத்துது. கல்லாத்துக்கும் குன்னூருக்கும் நடுவால மண்ணு சரிஞ்சா ஊட்டி ரயிலே நின்னு போற மாசம். இங்க அன்னூர்ல என்ற ஊட்டு ஓட்டுக்குக் கீழ எங்க உக்காந்தாலும் நனையலாம், டிக்கெட்டு இல்லாம. சொல்லி வெச்சேன், எப்ப வேணும்னாலும் வாங்க.

போக வேண்டாமுன்னு நான் சொல்லுலீங்க. சொன்னா, கெழவனுக்குப் பொறாமைன்னு அம்மிணி மூஞ்சியத் திருப்பிக்கும். பார்க்கு எதுக்கு, பவானி ஆத்துல குளிச்சாப் போதாதான்னு உங்க அப்பாரு சொன்னாராமே, அதை மட்டும் கேட்டுப் போடாதீங்க. அவரு குளிச்ச காலம் வேற. இப்ப மேல பில்லூர் அணையில கரண்டு எடுக்கத் தண்ணி தொறந்து விட்டாங்கன்னா, கீழ முழங்காலளவு நின்ன தண்ணி நீங்க சோப்புப் போட்டு முடிக்கறதுக்குள்ள கழுத்துக்கு வந்துரும். மேட்டுப்பாளையத்துல ஆத்துல எறங்கிப் போனவங்க எத்தனையோ பேரு. வெளியூர்க்காரங்கதான் எச்சு. பார்க்குல தண்ணி பெரும்பாலும் இடுப்பளவுதான், ஊதல் வெச்சுக்கிட்டு ஒரு பையன் கரையில நிப்பான். அந்த ஊதலுக்குக் குடுக்கற காசுன்னு நெனச்சுக்கிட்டாலே டிக்கெட்டுல பாதி செரிச்சுப் போகும். டிக்கெட்டு மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி வேற. 2017-ல அது 28-ஆ இருந்துது, அடுத்த வருசமே 18-ஆக் கொறச்சாங்க. உங்களோட அரசாங்கமும் கொஞ்சம் சறுக்கட்டுமே.

துணி விசயத்துக்கு வாறேன். இதை நெனச்சுத்தான் நேத்து ராத்திரி எனக்குத் தூக்கமே வருலீங்க, சிரிப்பு. நீங்க திருப்பூர்ல ஓவர்லாக் மிசின்ல உக்காந்து ஒலகத்துக்கே பருத்திப் பனியன் தெச்சு அனுப்பறவரு. அமெரிக்காக்காரன் முதுகுல இருக்கறது உங்க தையல். ஆனா அங்க கேட்டுக்கிட்டப் போயிப் பனியனோட தண்ணியில எறங்கப் பாருங்க. பருத்தி கூடாதும்பாங்க. நைலான் போட்டுட்டு வாம்பாங்க. காரணமில்லாம இல்லீங்க. பருத்தி தண்ணியக் குடிச்சுக் கனத்துப் போகும், அலையில ஆளையே கீழ இழுக்கும். நூலுப் பஞ்சு பிரிஞ்சு போயி வடிகட்டியில அடச்சுக்கும். நாயந்தான். ஆனாலும் போனஸ் குடுத்ததே அந்தப் பருத்திதானுங்களே. அது வாசல்ல நிக்கும், நீங்க உள்ள நைலான்ல குதிப்பீங்க.

அங்கயே கடை வெச்சிருப்பாங்க. நனையறதுக்குச் சட்டை, நனஞ்ச பொறவு தொடைக்கத் துண்டு, காஞ்ச துணிய வெக்க லாக்கர், லாக்கர் சாவிய நீங்க தொலைப்பீங்கன்னு அதுக்கு ஒரு முன்பணம். அவங்களைக் குத்தம் சொல்ல மாட்டேன். அவசரத்துல வந்து நிக்கறவன்கிட்ட விக்கறதுதான் ஏவாரம், நானும் நோம்பி நாளுப் பாத்துத்தான் வாழை வெட்டறேன். நீங்க முந்துன நாளே காதர்பேட்டைக்குள்ள ஒரு நடை போயிருங்க. ஏற்றுமதியில தள்ளுன சரக்குல நைலான் டிரவுசரு குமிச்சுக் கெடக்கும். நாலு பேருக்கும் எடுங்க. ஒரு காலு ஒசந்து ஒரு காலு தாந்துதான் இருக்கும். தண்ணிக்குள்ள ஆரு பாக்கறாங்க?

பையனோட ஒயரத்தை அளந்துட்டீங்களா? பஸ்ஸுல அவனுக்கு நாலு வயசுன்னு கண்டக்டர்கிட்டச் சொல்லிச் சொல்லி எத்தனை வருசம் ஓட்டுனீங்கன்னு எனக்குத் தெரியும். ரெண்டாங் கிளாசு வாய்ப்பாட்டை சன்னலோரம் உக்காந்து சத்தமாச் சொல்லிக்கிட்டு வந்த நாலு வயசுப் புள்ளையை நான் அவன்கிட்டத்தான் பாத்தேன். அந்த வித்தையெல்லாம் இங்க செல்லாதுங்க. பெரிய பார்க்குல வயசைக் கேக்கறதில்லை, ஒயரத்தைத்தான் பாக்கறாங்க. செவுத்துல கோடு போட்டிருப்பாங்க. சில பக்கம் 85 சென்டிமீட்டருக்குக் கீழ இருந்தா காசில்லை, 140-ஐத் தாண்டுனா பெரிய ஆளு டிக்கெட்டு. முட்டியச் சித்தெ மடக்கி நில்லுடான்னு சொல்லிக் குடுக்காதீங்க. உள்ள போனதும் அதே அளவுகோலை ஒவ்வொரு ரைடுகிட்டயும் வெச்சிருப்பான். கேட்டுல குள்ளமாயி அரை டிக்கெட்டுல போன பையன், ராட்சச சறுக்குகிட்ட ஒயரம் பத்தாம அழுதுக்கிட்டு நிப்பான். குள்ளமான பொறவு வளர முடியாதுங்க மாப்ளெ.

சோறு கட்டிக்கிட்டுப் போகாதீங்க. உங்க அம்மா புளிச்சோறு, தீவாளி அதிரசம், முறுக்குன்னு மூட்டை கட்டுவாங்க, தெரியும். பொதுவா எந்தப் பார்க்குலயும் வெளிச் சோத்தை உள்ள விடறதில்லை. பையப் பிரிச்சுப் பாப்பாங்க. கைக்கொழந்தைக்குப் பால்னா விட்டுருவாங்க, அதிரசத்தைக் கைக்கொழந்தைக்குன்னு சொன்னா நம்ப மாட்டாங்க. அதனால காருல ஒரு தூக்குப் போசி கூட வேண்டாம், டிக்கியச் சுத்தமாக் காலி பண்ணி வெச்சிருங்க. காத்தால வெருசாக் கெளம்பி, தடத்துல இங்க எறங்கி உங்க அத்தை கையால கம்மஞ்சோறு ஆளுக்கு ரெண்டு போசி அடிங்க. மத்தியானம் வரைக்கும் பசி எட்டிப் பாக்காது.

இப்ப முக்கியமான நோவுக்கு வாறேன். கேட்டைத் தாண்டுனதும் ஆம்பளைங்களுக்கு வாற நோவு இது. உங்குளுக்குக் கட்டாயம் வரும், ஏன்னா நீங்க பீஸ் ரேட்டுல வளந்த கை. எத்தனை பீஸ், பீஸுக்கு எவ்வளவுன்னு மனசு தானா ஓடும். நாலு டிக்கெட்டுக்கு இவ்வளவு குடுத்திருக்கறோம், மணி பதினொண்ணாச்சு, இன்னும் மூணு ரைடுதான் முடிஞ்சிருக்குதுன்னு படபடப்பு வரும். பையன் குட்டிச் சறுக்குலயே திருப்பித் திருப்பிப் போகோணும்பான். அதுல என்னடா இருக்குது, இந்தக் காசுக்கு அந்தப் பெருசுல ஏறுன்னு கையப் புடிச்சு இழுத்துக்கிட்டுப் போவீங்க. பாப்பா தண்ணியில எறங்காம, அந்த ஊதல்காரப் பையனையே பாத்துக்கிட்டு நிக்கும். அதுக்கு அதுதான் வெளையாட்டு. நிக்கறதுக்கா காசு குடுத்தோம்னு அதட்டுவீங்க. பொழுதோட கடைசி ரைடும் முடிஞ்சதும் பீஸ் ரேட்டு கட்டுப்படி ஆயிருச்சுன்னு மூச்சு விடுவீங்க. வண்டியில ஏறுனா நாலு பேரும் நாலு பக்கம் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பீங்க. சூப்பர்வைசர் இல்லாத எடத்துக்கு ஒரு நாளு போறதுக்குக் காசு குடுத்துட்டு, நீங்களே சூப்பர்வைசராப் போயி நிக்கலாமுங்களா?

டிக்கெட்டை வாங்குன நிமிசமே அந்தப் பணம் செத்துப் போச்சு. எடுத்துப் போட்டுட்டுக் குளிங்க.

அம்மிணி விசயமும் இருக்குது. அதுவும் செக்கிங்ல நின்னு போனஸ் வாங்குன கைதானுங்க. நான் பாத்த வரைக்கும் அந்த மாதிரி எடத்துல பொம்பளைங்க ஏறுற ரைடு ஒண்ணே ஒண்ணுதான். பெஞ்சு. ஒரு பக்கம் ஈரத்துணி, ஒரு பக்கம் செருப்பு, மடியில நாலு செல்போனு. நம்ம வீரனுங்க போறப்பயும் வாறப்பயும் கையாட்டுவாங்க, அதுவும் ஆட்டும். மத்தியானத்துக்கு மேல பையி உங்க மடியில இருக்கட்டும் மாப்ளெ. அது அந்த அலைக் கொளத்துல போயி நிக்கட்டும். மிசினு வெச்சுத் தள்ளுற அலைதான், சங்கு ஊதுனா வரும், சித்தெ நேரத்துல அடங்கிப் போகும். கடலைக் காலெண்டர்லயே பாத்த நம்ம பொம்பளைங்களுக்கு அது போதும்.

உங்குளுக்கும் ஆசை இருக்குமுங்களே, அந்தத் தலைகீழா ஓடற ரயிலு மேல. அதுல பெரும்பாலும் எஞ்சினே கெடையாதுன்னு என்ற பேரன் செல்போனுல காட்டுனான். முதல் மேட்டுக்குச் சங்கிலி போட்டு இழுத்து விடறாங்க, அதோட அவங்க வேல முடிஞ்சுது. எறங்கற வேகத்துலதான் அடுத்த மேடு ஏறுது. எந்த மேடும் முதல் மேட்டு ஒயரத்துக்கு வாறதில்லை. போனஸும் அப்படித்தானுங்க. தீவாளிக்கு முன்னால உச்சிக்கு ஏத்தி விட்டாங்க, கார்த்திகைக்குள்ள தரைக்கு வந்து நின்னுரும். நடுவால கத்தற சத்தம்தான் நம்முளுது. நல்லாவே கத்துங்க.

இன்னொண்ணும் அவன் காட்டுனான். டிஸ்னிலேண்டாம், கலிபோர்னியாவுல ஆரஞ்சுத் தோப்பை அழிச்சுக் கட்டுனதாம். 1955 ஜூலையில தொறந்த அன்னைக்குப் போட்ட தாரு காயாம, பொம்பளைங்க செருப்போட குதிகாலு ரோட்டுலயே பதிஞ்சு நின்னுதாம். அதே 1955-லதான் நம்ம பவானிசாகர் அணை வேலை முடிஞ்சுது. அணைக்குக் கீழ பூங்கா இருக்குது, வெளிய மீனு வறுத்துக் குடுப்பாங்க. என்னையக் கேட்டா அதுவே போதும்பேன். உங்க புள்ளைங்க என்னையக் கேக்க மாட்டாங்க.

எந்த நாளுப் போறீங்க? ஞாயித்துக்கெழமையா? வேண்டாமுங்க. லீவு விட்ட திருப்பூரு பூரா அன்னைக்கு அந்தச் சறுக்குலதான் இருக்கும். ஒரு ரைடுக்கு ஒரு மணி நேரம் வரிசையில நின்னா, கம்பெனியில பஞ்சிங் மிசினுக்கு நிக்கறது தேவலைன்னு தோணிப் போகும். வாரத்து நடுவுல போங்க. பல எடத்துல டிக்கெட்டும் கொறச்சல். ஒறம்பரையெல்லாம் கூட்டிக்கிட்டுப் போகாதீங்க, முன் சீட்டு காலியா இருக்கட்டும், புள்ளைங்க காத்தாட வரும். காத்தால அஞ்சு மணிக்கே இங்க வந்துருங்க.

அஞ்சு எதுக்குன்னு கேக்கறீங்களா? பார்க்கு தொறக்க நேரம் இருக்குதுதான், நானும் ஒத்துக்கறேன். மண்டி தொறந்துருமுங்களே. மேட்டுப்பாளையம் வாழை மண்டிக்கு நேந்திரன் ஒரு பன்னண்டு தாரு போகோணும். வெட்டுற பருவத்துல நிக்குது. வேன்காரன் தீவாளி வாடகைன்னு வாய்க்கு வந்ததைச் சொல்லறான். டிக்கியிலதான் ஒண்ணும் இல்லீங்களே. அதுல புடிக்காததைப் புள்ளைங்க காலடியில நிறுத்திக்கலாம், ஆட்டம் இல்லாம இருக்கும். முன் சீட்டுல நான் உக்காந்துக்கறேன். என்னைய மண்டியில எறக்கி விட்டுட்டு நீங்க போயி நிம்மதியாக் குளிங்க, அவசரமே இல்லை. திரும்பி வாறப்ப நானும் ஒரு மூட்டை ஊட்டி உருளைக்கெழங்கும் அங்கயே நிப்போம்.

வாடகையா? மாப்ளெ, மாமனுக்கும் மாப்ளைக்கும் நடுவால பணத்தைப் பத்திப் பேசுனா நல்லாவா இருக்குது? அதுவும் மிச்சப் பணம் வெச்சிருக்கறவங்க பேசலாமுங்களா? பையனுக்கு ஒரு சீப்பு பழம் தாறேன், காருலயே தின்னு முடிக்கச் சொல்லுங்க, கேட்டுல விட மாட்டாங்க. புதங்கெழமை அஞ்சு மணி. ஹாரன் அடிக்க வேண்டாம், கொல்லைப் பக்கமாவே வண்டிய விடுங்க, தாரு அங்கதான் வெட்டி வெச்சிருப்பேன்.