கணக்கைப் பத்திரமாகத் தொலைப்பது எப்படி?

மைசூரில் ஊதுபத்தி, பட்டு, அச்சகம், ஆடிட்டர் ஆபீஸ் என்று பத்துப் பேரை வைத்துத் தொழில் நடத்தும் முதலாளியா நீங்கள்? டாலி கணக்கு, பில், டிசைன் எல்லாவற்றையும் ஒரே சர்வரில் போட்டுவைக்க முடிவெடுத்துவிட்டீர்களா? நல்லது. இனி ஹார்டு டிஸ்க் வாங்குவதுதான் பாக்கி. கீழே சொல்வதைப் பிசகாமல் செய்யுங்கள். சீக்கிரமே எல்லாக் கணக்கு வழக்கிலிருந்தும் விடுதலை கிடைக்கும்.

விலையைப் பாருங்கள். விலையை மட்டும் பாருங்கள். பெங்களூர் எஸ்.பி. ரோட்டுக்கு ஆளனுப்பி, "நாலு டிபி, எது சீப்போ அது" என்று சொல்லிவிடுங்கள். மேசைக் கம்ப்யூட்டருக்கான டிஸ்க்கும், சர்வர் போல ஓயாமல் ஓடும் சேமிப்புப் பெட்டிக்கான நாஸ் டிஸ்க்கும் பார்வைக்கு ஒன்றுதான். அதே மூன்றரை அங்குலம், அதே கேபிள். படிக்க முடியாத இடம் ஒன்று வரும்போதுதான் குணம் தெரியும். நாஸ் டிஸ்க் சுமார் 7 நொடி முயன்றுவிட்டு "முடியவில்லை" என்று சொல்லிவிடும். சர்வரும் ஜோடி டிஸ்க்கிலிருந்து அதை எடுத்துக்கொண்டு வேலையைப் பார்க்கும். மேசை டிஸ்க் ரோஷக்காரன். விடாமல் முட்டிக்கொண்டே இருப்பான். பதிலே வராததால் ஆள் காலி என்று நினைத்து, ஒரே தகவலை ஜோடி டிஸ்க்குகளில் எழுதிவைக்கும் ரெய்டு கன்ட்ரோலர் அவனை வரிசையிலிருந்தே நீக்கிவிடும். உயிரோடிருப்பவனுக்குக் கருமாதி செய்யும் இந்த வாய்ப்பு, கொஞ்சம் பணம் கூடக் கொடுத்து நாஸ் டிஸ்க் வாங்குபவர்களுக்குக் கிடைப்பதில்லை.

"நாங்கள் நாஸ் டிஸ்க்கே வாங்கிவிட்டோம்" என்கிறீர்களா? கவலை வேண்டாம், அதிலும் வழி இருக்கிறது. பெட்டிமேல் போட்டிருப்பதை நம்பி, மாடல் எண்ணைப் பார்க்காமல் விட்டுவிடுங்கள். எஸ்எம்ஆர் என்றொரு வகை உண்டு. கூரையில் ஓடு வேய்வதுபோல ஒரு தடத்தின்மேல் அடுத்த தடம் பாதி ஏறியிருக்கும். நடுவில் ஒன்றை மாற்ற வேண்டுமானால் பக்கத்திலிருப்பவற்றையும் பிரித்து அடுக்க வேண்டும். எப்போதாவது எழுதி அப்படியே வைத்துவிடும் படங்களுக்கு அது போதும். ரெய்டில் ஒரு டிஸ்க் செத்து, புதியதில் எல்லாவற்றையும் திரும்ப எழுதவேண்டிய அன்றுதான் நாள்கணக்கில் இழுக்கும். மிச்சமிருக்கும் பழைய டிஸ்க் மூச்சுத் திணறுவதும் அதே நாள்களில்தான். நாஸுக்கென்றே விற்ற தன் 'ரெட்' வரிசையில் 2 முதல் 6 டிபி வரையிலான சில மாடல்கள் எஸ்எம்ஆர்தான் என்று வெஸ்டர்ன் டிஜிட்டல் 2020 ஏப்ரலில் ஒப்புக்கொண்டது. பிறகு அந்த அளவுகளில், தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத சிஎம்ஆர் டிஸ்க்குகள் 'ரெட் ப்ளஸ்' என்ற பெயரில் வந்தன. ஆகவே ப்ளஸ் என்ற சொல்லைக் கண்டால் தள்ளிப் போங்கள்.

இரண்டு டிஸ்க்கையும் ஒரே கடையில், ஒரே நாளில், ஒரே பெட்டியிலிருந்து வாங்குவது உத்தமம். ஒன்றாய்ப் பிறந்து ஒன்றாய் ஓடியவை ஏறத்தாழ ஒன்றாகவே போய்ச்சேரக்கூடும்.

4 டிபி டிஸ்க் விண்டோஸில் 3.63 என்று தெரியும். அதற்காகக் கடைக்காரரோடு ஒரு சண்டை போட்டுக்கொள்ளலாம். கம்பெனி ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறது, விண்டோஸ் 1024 ஆக எண்ணுகிறது. அவ்வளவுதான் விஷயம். ஆனாலும் சண்டை நல்லது.

தசரா வந்துவிட்டால் ஆயுத பூஜையன்று சர்வரைத் திறந்து, டிஸ்க்குக்குச் சந்தனம் குங்குமம் வையுங்கள். சாதாரண டிஸ்க்கின் உடம்பில் காற்று போய்வர ஒரு சின்னத் துளை இருக்கும். இதை மூடாதே என்று பக்கத்திலேயே எழுதியிருக்கும். சந்தனத்தைச் சரியாக அங்கே அப்புங்கள். ஹீலியம் நிரப்பிச் சீல் வைத்த பெரிய டிஸ்க்குகளில் இந்தப் பாக்கியம் இல்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக, ரெய்டு இருப்பதால் பேக்கப் வேண்டாம் என்று உறுதியாக நம்புங்கள். முக்கியமானது இதுதான்; மற்றதெல்லாம் பூச்சு. ஒரு ஃபைலைக் கணக்குப்பிள்ளை அழித்தால் ரெய்டு இரண்டு டிஸ்க்கிலும் அதை விசுவாசமாக அழிக்கும். ரான்சம்வேர் வந்து பூட்டினால் இரண்டையும் பூட்டும். அப்படியே பேக்கப் எடுத்தாலும், திரும்ப எடுத்துப் பார்க்கும் தப்பை மட்டும் செய்துவிடாதீர்கள். 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் ஒருவர் தவறுதலாக டேட்டாபேஸை அழித்தார். ஐந்து விதமான ஏற்பாடுகள் இருந்தும் எதுவும் உருப்படியாகக் கைகொடுக்கவில்லை. ஆறு மணி நேரம் முன்பு அவரே தற்செயலாக எடுத்துவைத்த நகல்தான் காப்பாற்றியது.

நகலே வைக்காமல் இருக்கும் விஷயத்தில் மைசூர்க்காரர்கள் சரியில்லை என்றுதான் சொல்ல வேண்டும். கண்ணெதிரே கெட்ட உதாரணங்கள். 1966இல் இந்தியத் தொல்லியல் துறைக் கல்வெட்டுப் பிரிவின் தலைமை அலுவலகம் ஊட்டியிலிருந்து இங்கே வந்தது. மூலம் தமிழ்நாட்டுக் கோயில் சுவரில்; அதை ஒற்றியெடுத்த மைப்படி இருந்தது மைசூரில். திருப்பணி என்ற பெயரில் கல்லைப் பெயர்த்தாலும், சுவருக்குப் பெயின்ட் அடித்தாலும் எழுத்து இன்னொரு ஊரில் பிழைத்துக் கிடக்கும். தமிழ்ப் படிகளைச் சென்னைக்கு மாற்றச் சொல்லி 2021 ஆகஸ்டில் மதுரை உயர் நீதிமன்றக் கிளை உத்தரவிட்டது. யார் வைத்திருப்பது என்ற வழக்குக்கூட, படி என்று ஒன்று இருந்ததால்தான் வந்தது. மைசூர்க் கீழ்த்திசை நூலகத்தில்தான் 1905இல் ஆர். சாமசாஸ்திரி கையில் அர்த்தசாஸ்திரம் சிக்கியது. தஞ்சாவூர்ப் பக்கத்துப் பண்டிதர் ஒருவர் கொண்டுவந்து கொடுத்த ஓலைச்சுவடிப் படி அது. கணக்கு அலுவலகம் எப்படி நடக்க வேண்டும் என்று அதில் ஓர் அத்தியாயமே இருக்கிறது.

இவர்களைப் பார்த்துக் கெட்டுப்போய், ஒரு டிஸ்க்கில் நகலெடுத்து, பாஸ்வேர்டு போட்டுப் பூட்டி, திம்பம் மலை இறங்கும் பஸ்ஸில் மச்சினரிடம் கொடுத்தனுப்பி, சத்தியமங்கலம் வீட்டு பீரோவில் வைக்கச் சொல்கிற முதலாளிகளோடு சேராதீர்கள். டிஸ்க் எந்த கம்பெனி என்பதே அவர்களுக்கு அவ்வளவு முக்கியமில்லாமல் போய்விடுகிறது. உங்களுடையது பிரைவேட் லிமிடெட் என்றால், கணக்குப் புத்தகங்களை இந்தியாவில் உள்ள சர்வரில் தினசரி பேக்கப் எடுக்க வேண்டும் என்று 2022 ஆகஸ்டில் விதியே வந்துவிட்டது. அதையும் ஆடிட்டர் சொல்லும்போது காதில் வாங்காதீர்கள்.

கடைசியாக வாரண்டி. சாதாரண நாஸ் டிஸ்க்குக்கு 3 வருஷம். செத்த டிஸ்க்குக்குப் பதில் டிஸ்க் தருவார்கள். உள்ளே இருந்தது அவர்கள் பொறுப்பல்ல. ஜிஎஸ்டி சட்டம் 36ஆம் பிரிவின்படி, ஆண்டுக் கணக்கைத் தாக்கல் செய்யவேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் நீங்கள் கணக்கை வைத்திருக்க வேண்டும்.