வேலிக்கால் சஞ்சாரம்: ஓர் ஆராய்ச்சி

உலகத்துப் பொருள்களை ஸ்தாவரம் என்றும் ஜங்கமம் என்றும் இரு கூறாகப் பகுத்த பண்டைச் சாஸ்திரகாரர்கள், மலையையும் மரத்தையும் முதல் வகுப்பிலும், மாட்டையும் மனிதனையும் இரண்டாம் வகுப்பிலும் சேர்த்துவிட்டு நிம்மதியாக இருந்ததற்கு, அவர்களில் ஒருவருக்கேனும் திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடைப்பட்ட கிராமம் எதிலும் ஒரு காணி நிலம் இல்லாமற் போனதே காரணமாக இருக்க வேண்டும். இருந்திருந்தால், குழி தோண்டி நட்டுக் கெட்டித்த வேலிக்காலை எந்த வகுப்பில் சேர்ப்பது என்ற ஐயம் அவர்களை வாட்டி எடுத்திருக்கும். வேலிக்கால் நிற்பதற்காக நடப்படுகிறது என்பது பாமரர் கொள்கை. அது மெள்ள மெள்ள அயலார் நிலத்தை நோக்கி யாத்திரை போவதற்காகவே நடப்படுகிறது என்பது இக்கட்டுரையின் சித்தாந்தம்.

முதலில் நடும் முறை. மண்வெட்டியால் வெட்டிய குழி வாயகன்று போவதால், அதில் நிறுத்திய கால் பிறகு தள்ளிய தளர்ந்த மண்ணையே நம்பி நிற்க நேரிடும். ஆகையால் தொழில் தெரிந்தவர் கடப்பாறையைச் செங்குத்தாகப் போட்டு இடித்து, இடிந்த மண்ணைக் கொட்டாங்கச்சியால் அள்ளி, கடைசியில் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு கையைத் தோள்வரை உள்ளே விட்டு வழித்தெடுக்கும்படியான ஒடுங்கிய குழியையே எடுப்பார். காலின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்கு என்பது பொது விதி. முள்கம்பியின் இழுப்பு முழுவதையும் வாங்கிக்கொள்ளும் மூலைக்காலுக்கும், படலைத் தாங்கும் வாசற்காலுக்கும் இவ்விதியில் சலுகை கிடையாது. நடுவரிசைக் கால்களுக்கோ, பேசிய கூலியை அனுசரித்து, நாலில் ஒரு பங்கும் அதனினும் குறைந்த பங்கும் சம்பிரதாயமாக வழங்கி வருகின்றன. அடியில் இரண்டு கை ஜல்லி போட்டு, மண்ணைச் சாண் சாணாக இட்டு, ஒவ்வொரு சாணையும் கடப்பாறையால் குத்திக் கெட்டித்து, காலின் கழுத்தைச் சுற்றிச் சிறு மேடு கட்டி மழைநீர் விலகி ஓடச் செய்ய வேண்டும். இவ்வளவையும் செய்யச் சொன்னால், கூலியாள் நிலத்துக்காரரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மண்ணை ஒரே தள்ளாகத் தள்ளி மேலே ஏறி மிதித்துவிட்டு அடுத்த குழிக்குப் போய்விடுவார். கல்குவாரிகளிலிருந்து இராப்பகலாக லாரி லாரியாக ஜல்லி புறப்படுகிற இந்தப் பிரதேசத்தில் வேலிக்காலுக்கு இரண்டு கை ஜல்லி கிட்டாதது, லாரிகள் எத்திசை நோக்கிப் போகின்றன என்று கவனியாதவர்களுக்கே வியப்பளிக்கும்.

எந்த மரம் என்பதில் அறிஞரிடையே கருத்து வேற்றுமை மிகுதி. புறத்தே வைரம் பாய்ந்து அகத்தே சோறாக இருக்கும் பனையைப் பிளந்து நட்ட கால் ஒரு தலைமுறைக்கு நிற்கும் என்பார் ஒரு சாரார். ஆனால் பனையை வெட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021-இல் வேளாண்மைக்கான தனி நிதிநிலை அறிக்கையில் அறிவிப்பு வந்த பிறகு, அவர்கள் தங்கள் கொள்கையைத் தாழ்ந்த குரலிலேயே சொல்லுகிறார்கள். ரயில்வேயார் தங்கள் எல்லையைக் காக்கக் கழித்த தண்டவாளத் துண்டுகளையும் கட்டைகளையும் நட்டார்கள். உத்தியோக காலம் முழுவதும் ரயிலுக்கு அடியில் படுத்துக் கிடந்த கட்டை, ஓய்வு பெற்ற பிறகு எழுந்து நிற்கும் விசித்திரத்தை விழுப்புரம் போன்ற பெரிய சந்திப்பு நிலையங்களின் ஓரங்களில் காணலாயிற்று. எனினும் சாமானியர் கையில் அகப்படுவது சவுக்குத்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரயில் எஞ்சினின் அடுப்புக்கு விறகாவதற்கென்று சோழமண்டலக் கரையின் மணலில் பயிராக்கப்பட்ட இம்மரம், எஞ்சின்கள் நிலக்கரிக்கும் டீசலுக்கும் மின்சாரத்துக்கும் கட்சி மாறிய பின்னரும் மரக்காணம் பக்கத்து மணலை விட்டு அகலாமல், சாரத்துக்கும் பந்தலுக்கும் காகித ஆலைக்கும் தன்னை ஒப்புக்கொடுத்து வாழ்கிறது. மூன்று நான்கு வருஷத்தில் வெட்டுக்கு வரும், நேராக வளரும், மண்ணுக்குள் இரண்டு மூன்று மழைக்காலத்துக்கு மேல் தாங்காது. இம்மூன்றாவது குணத்தைக் குறை என்று எண்ணுவோர் வேலியின் ராஜதந்திரத்தை அறியாதவர்கள்.

கால் எங்கே அழுகுகிறது என்பதைச் சற்று நிதானித்துப் பார்க்க வேண்டும். முறிந்த கால் ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள்: மேற்பாதி வெயிலில் வெளுத்து உறுதியாக இருக்கும்; குழிக்குள் நின்றுவிட்ட அடிக்கட்டையைத் தோண்டி எடுத்தால் அதுவும் பெரும்பாலும் கெட்டியாகவே இருக்கும்; இரண்டும் சந்தித்த இடத்தில் மட்டும் விரலால் நிமிண்டினால் பழுப்பு மாவாக உதிரும். மரத்தைத் தின்னும் பூஞ்சைக்கு ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும். தரைக்கு மேலே காற்று உண்டு, ஈரம் நிலைப்பதில்லை; ஆழத்தில் ஈரம் உண்டு, காற்று போதாது; தரைமட்டத்தை ஒட்டிய அந்த ஒரு சாண் அகலத்தில்தான் இரண்டும் கூடி விருந்து வைக்கின்றன. கறையானும் அதே வாசலில் மண்கூடு கட்டி ஏறுகிறது. அடியைத் தீயில் கரித்து நடுவதும், தார் பூசுவதும், வண்டிப் பட்டறையில் வடித்த பழைய எண்ணெயில் முக்குவதும் நாடறிந்த பரிகாரங்கள். குழியின் ஆழத்துக்குச் சரியாகக் கணக்குப் பார்த்துப் பூசிவிட்டுக் கழுத்துப் பகுதியை வெறுமையாக விட்டுவிடுவது அவற்றினும் நாடறிந்த வழக்கம். சிமெண்டுக் கலவை போட்டு இறுக்கினால் தீர்ந்தது என்பாரும் உண்டு. மரம் உலர்ந்து சுருங்கியதும் அதற்கும் கலவைக்கும் நடுவே விடும் இடுக்கில் தண்ணீர் தேங்கி, மூன்று வருஷத்துக் காரியத்தை இரண்டு வருஷத்தில் முடித்துக் கொடுக்கும்.

கால் ஒடிந்தது. இனித்தான் சஞ்சாரம் தொடங்குகிறது. கெட்டித்த மண்ணிலிருந்து அடிக்கட்டையைப் பிடுங்குவது பெருஞ்சிரமம். ஆகவே புதுக்காலுக்குப் பக்கத்தில் புதுக்குழி எடுக்கப்படுகிறது. பக்கம் என்றால் எந்தப் பக்கம்? நான்கு திசைகளில் இரண்டு வேலியின் வரிசையிலேயே அமைந்தவை, மூன்றாவது, நடுபவரின் சொந்த நிலம், நான்காவது, அயல்நிலம். கணித சாஸ்திரப்படி நான்கு திசைக்கும் சம வாய்ப்பு இருக்க வேண்டியிருக்க, குழிகள் நான்காவது திசையில் மட்டும் விழுவதை யதேச்சை என்று தள்ளிவிட இயலாது. ஒரு தடவைக்கு நாலு விரற்கடை என்றே கொள்வோம். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை கால் மாற்றினால், முப்பது வருஷத்தில் நாற்பது விரற்கடை, அதாவது ஒன்றரை முழத்துக்கு மேல். வயலின் நீளத்தால் இதைப் பெருக்கிப் பார்க்கும் வேலையை நிலத்துக்குச் சொந்தக்காரர்கள் மனத்துக்குள்ளேயே முடித்திருப்பார்கள்.

அயல்நிலம் பெரும்பாலும் பங்காளியின் நிலமாகவே அமைவதால், இது குறித்த விசாரணை உறவுமுறை தவறாமல் நடைபெறும். “பெரியப்பா, காலு கொஞ்சம் இந்தாண்ட வந்தாப்புல இருக்குதே?” என்று தம்பி மகன் தயங்கித் தயங்கிக் கேட்பான். “காலுக்கு என்னடா காலா மொளைச்சிருக்குது? மழையில மண்ணு அந்தாண்ட கரைஞ்சு போயிருக்கும்” என்று பெரியவர் வெற்றிலையை மடித்துக்கொண்டே மறுமொழி சொல்லுவார். நம் சித்தாந்தத்துக்கு நேர் விரோதமான இந்தப் பூர்வபக்ஷத்தைப் பெரியவர் நம்பிச் சொல்லுகிறாரா என்பது தனி ஆராய்ச்சிக்குரியது. 1923-ஆம் ஆண்டின் சர்வே, எல்லைகள் சட்டம் இத்தகைய தகராறுகளை முன்னறிந்தே எல்லைக்குக் கல்லை விதித்தது. ஆனால் கல்லைப் பேணும் பொறுப்பை நிலத்துக்காரர் தலையிலும் வைத்தமையால், ஏர் முனையிலும் டிராக்டர் கலப்பையிலும் பட்டுக் கல்லும் காலோடு சேர்ந்து தேசாந்திரம் புறப்படக் காண்கிறோம்.

இங்கே ஒரு சரித்திரப் புதிருக்கு விடை கிடைக்கிறது. 1933-ஆம் ஆண்டு டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் சோந்தி காமேசம் என்ற நம் நாட்டு விஞ்ஞானி, செம்பு, குரோமியம், ஆர்செனிக் ஆகிய மூன்றின் உப்புகளைக் கலந்து மரத்துக்குள் அழுத்தத்தால் செலுத்தும் முறையைக் கண்டுபிடித்தார். செம்பு பூஞ்சையைத் தடுக்கும்; ஆர்செனிக் கறையானைக் கொல்லும்; குரோமியம் இரண்டையும் மரத்தோடு பிணைத்து மழையில் கரையாமல் வைக்கும். அமெரிக்கர்கள் இதனைக் கைக்கொண்டு கோடிக்கணக்கான வேலிக்கால்களையும், வீட்டுப் பின்கட்டில் உட்கார்ந்து காற்று வாங்கும் மரத்தளங்களையும் அதில் ஊறவைத்தார்கள். ஆர்செனிக்குக்கு அஞ்சி வீட்டு உபயோகத்திலிருந்து இந்நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் விலக்கினார்கள். அவ்வளவு தூரம் போன மருந்து நம் வயல் வரப்புக்கு வந்து சேராததற்குச் செலவைக் காரணமாகச் சொல்வார்கள். அழுகாத கால் முறியாது. முறியாத காலை மாற்ற முகாந்தரம் இல்லை. மாற்றாத கால் நகராது. எந்தக் குடியானவர் காசு கொடுத்து இந்த நஷ்டத்தை வாங்குவார்?

உயிர்க்கால் நட்டால் என்ன என்று சிலர் ஆட்சேபிக்கக்கூடும். பூவரசு, ஒதியன், கிளுவை, கல்யாண முருங்கை ஆகியவற்றின் போத்தை அடி கீழாக நட்டால் வேர்விட்டுத் தழைத்து அங்கேயே நிலைத்துவிடும் என்பது உண்மை. ஆயினும் தழைத்த மரத்தின் நிழல் அயலார் வரப்புக்குள் பத்து முழம் போய்ப் பயிரை வெளிறச் செய்யும் என்பதையும், நாலு விரற்கடைக்காக மூன்று வருஷம் காத்திருக்கப் பொறுமையற்றவர்களே இம்முறையை விரும்புகிறார்கள் என்பதையும் நோக்குக.

இனி, அழுகாத மரமே ஆனாலும் நிலைத்து நிற்கும் என்ற நம்பிக்கை எஞ்சியிருப்பவர்கள் திருவக்கரைக்குப் போக வேண்டும். சந்திரமௌலீசுவரரையும் வக்கிரகாளியையும் தரிசித்துவிட்டுச் சற்றுத் தள்ளி நடந்தால், ஏறக்குறைய 2 கோடி ஆண்டுகளுக்கு முன் மண்ணில் புதையுண்டு கல்லாக மாறிய மரங்கள், ஆண்டு வளையமும் கணுவும் மாறாமல் செம்மண்ணில் கிடப்பதைக் காணலாம். 1781-இல் சொன்னெரா என்ற ஐரோப்பியர் இவற்றைக் கண்டு எழுதினார். இன்று இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை இவ்விடத்தைத் தேசியக் கல்மரப் பூங்காவாகக் காத்து வருகிறது. பூஞ்சை தொடவில்லை, கறையான் அண்டவில்லை, ஒரு சாத்திரமும் குறை சொல்ல முடியாத அழியாமை. ஆனால் கிளையும் வேரும் இன்றி வெறும் அடிமரங்களாகவே கிடக்கின்றமையால், இவை இங்கே வளர்ந்தவை அல்ல, ஏதோ பெருவெள்ளத்தில் வேறிடத்திலிருந்து உருண்டு வந்தவை என்று புவியியலார் தீர்மானித்திருக்கிறார்கள். 2024-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் தேதியன்று மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ. அளவை எட்டிய மழையைப் பார்த்தவர்கள் இத்தீர்மானத்தை மறுக்கமாட்டார்கள். அந்தத் துன்பத்தில் விளையாட்டுக்கு இடமில்லை என்றாலும், வெள்ளம் வடிந்த பின் எந்தக் கால் எவருடையது என்ற கேள்வி பல வரப்புகளில் எழுந்தது.

ஆராய்ச்சியின் கடைசிக் கட்டத்தில் கலியாணப் பந்தக்காலைக் குறிப்பிட்டாக வேண்டும். வாசலில் குழி எடுத்து, நவதானியமும் பாலும் இட்டு, மஞ்சள் குங்குமம் துலங்க, நுனியில் மாவிலை கட்டி, சுமங்கலிகள் கைதொட்டு நட்ட கால் அது. கலியாணங்கள் மண்டபங்களுக்குக் குடிபெயர்ந்ததும், மெருகேற்றிய கிரானைட் தரையில் கடப்பாறை போட மண்டபத்துக்காரர் சம்மதியாமையால், கால் மணல் நிரப்பிய பிளாஸ்டிக் வாளிக்குள் ஏறிக்கொண்டது. மூன்றில் ஒரு பங்கு விதி அங்கே செல்லாது. கழுத்து அழுகுவதற்கு அவகாசமும் இல்லை. ஐயர் மந்திரம் சொல்ல, பெண்கள் பாலைத் தரையில் சிந்தாமல் வாளிக்குள்ளே பார்த்து ஊற்றுகிறார்கள். முகூர்த்தம் முடிந்து சாப்பாட்டுப் பந்தியும் எழுந்த பிறகு, மண்டபத்துக் கணக்கப்பிள்ளை மின்சாரக் கட்டணத்தையும் துப்புரவுக் கூலியையும் எழுதிவிட்டு, வாளி உடையாமல் இருக்கிறதா என்று தட்டிப் பார்த்து, அடுத்த கலியாணக்காரர் வருவதற்குள் அதை மாடிப்படிக்கு அடியில் தள்ளிவைக்கச் சொல்லுவார்.