ஏத்தி மட்டும் குடுத்துடறேன்

மார்ச் கடைசியில் வாஷிங்டன் நினைவுத் தூணைச் சுற்றியிருக்கும் புல்மேட்டுக்குப் பட்டத் திருவிழா பார்க்கப் போகிறவர்கள் ஆகாயத்தைப் பார்த்துக் கழுத்து வலி வாங்கிக்கொள்ள வேண்டாம். மேலே இருப்பது எல்லா வருஷமும் இருப்பதுதான். எட்டுக் கையையும் உதறும் ஆக்டோபஸ், வாய் பிளந்த சுறா, ஏதோ ஒரு சினிமாக் கதாநாயகன், நிறைய வானவில். எனக்கு அதில் சுவாரசியம் போய்விட்டது. ஏதாவது ஒரு நூலைக் கண்ணால் பிடித்துக்கொண்டு கீழே இறங்கி வாருங்கள். அடிமுனையில் நாற்பது தாண்டிய ஓர் ஆள், வாயைத் திறந்தபடி நின்றுகொண்டிருப்பார். அவருக்குப் பத்தடி தள்ளி, விரித்த பாயில், அந்தப் பட்டத்தின் உண்மையான சொந்தக்காரி உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருப்பாள். வயது ஏழு.

அவர்தான் பட்டத்து அப்பா. எல்லா நாட்டிலும் விளைகிற சரக்கு. கொரிய அப்பா, எத்தியோப்பிய அப்பா, டெக்சாஸ் தொப்பி வைத்த அப்பா என்று அந்த மேட்டில் எல்லா ரகத்தையும் பார்த்துவிட்டேன். பாஷைதான் வேறு. வசனம் ஒன்றே ஒன்று. நம் ஆள் அதை இப்படிச் சொல்வார்: "குடும்மா கண்ணு, ஏத்தி மட்டும் குடுத்துடறேன்."

அந்த 'மட்டும்' இருக்கிறதே, கைமாற்று வாங்குகிறவர் சொல்லும் 'நாளைக்கே'க்குச் சொந்தத் தம்பி.

நான் நெருங்கிப் பழகியது வர்ஜீனியாவில் எங்கள் அடுக்ககத்திலேயே இருக்கும் ஒருவரோடு. வண்ணாரப்பேட்டைக்காரர். வாரநாளில் பார்த்தால் இப்படி ஒரு ஆசாமி உள்ளே குடியிருக்கிறார் என்று சொல்லவே முடியாது. லேப்டாப் பை, இஸ்திரி போட்ட சட்டை, போனில் மேனேஜரிடம் நிமிஷத்துக்கு நாலு "ஷ்யூர்". மெட்ரோவில் ஸ்மித்சோனியன் ஸ்டேஷனில் இறங்கி, எஸ்கலேட்டரில் ஏறி, வெளியே முதல் காற்று முகத்தில் அடித்ததும் ஆள் மாறுவார். ஆட்காட்டி விரலை நாக்கில் தொட்டு ஆகாயத்தில் நீட்டுவார். அந்த விரலின் உள்பக்கம், முதல் கணுவில், மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று உண்டு. கண்ணாடித் தூள் பூசிய மாஞ்சா நூல் கிழித்தது. சிலர் காதல் கதை சொல்வது போல அந்தக் கோட்டைக் காட்டிக் கதை சொல்வார். ஒரே சாயங்காலத்தில் ஏழு காத்தாடி அறுத்தாராம். போன வருஷம் சொன்னபோது ஐந்து.

அவருக்கு அது காத்தாடிதான். 'பட்டம்' என்றால் படிப்பு முடித்து வாங்குவது என்பார். நான் தஞ்சாவூர்ப் பக்கம். எங்களுக்குப் பட்டம் என்றால் விதை விதைக்கிற ஆடிப்பட்டம். எனவே இந்த விஷயத்தில் நான் வாய் திறப்பதில்லை. திருவிழாவில் எனக்குக் கொடுக்கப்பட்ட பதவி பாய்க்காவல்.

இந்த ஊரில் பட்டம் விடுவதே ஒரு காலத்தில் குற்றம் என்பதைப் போகிற வழியில் அவரிடம் சொன்னேன். 1892-ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று இருந்தது. வாஷிங்டன் நகருக்குள் பட்டம் பறக்கவிட்டால் பத்து டாலர் வரை அபராதம். 1967-இல் ஸ்மித்சோனியன் மியூசியக்காரர்கள் இந்த விழாவைத் தொடங்கியபோதே தனி அனுமதி வாங்கித்தான் நடத்தவேண்டியிருந்தது. 1970-இல் இதே புல்மேட்டில் பட்டம் விட்டவர்களைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போயிருக்கிறது. அந்த வருஷமே தடையை எடுத்துவிட்டார்கள்.

கேட்டதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. சொந்த ஊர்க்காரரைக் கண்ட மலர்ச்சி. "அப்போ நம்ம சென்னை மாதிரியேதான் சார்! எங்க ஏரியா ஸ்டேஷன்ல என் லொட்டாய் மட்டும் மூணு இருக்கும்." லொட்டாய் என்பது நூல் சுற்றுகிற உருளை. சென்னைப் போலீஸ் மாஞ்சாவுக்குத் தடை போட்டது சும்மா இல்லை. அறுந்து தெருவில் கிடக்கிற அந்த நூல் பைக்கில் போகிறவர் கழுத்தில் மாட்டி உயிரே போயிருக்கிறது. அதை நினைவுபடுத்தினால் அவர் ஒரு நிமிஷம் மௌனமாக இருப்பார், நிஜமாகவே வருத்தப்படுவார், பிறகு கண்ணாடித் தூளை எவ்வளவு சலிக்கவேண்டும் என்று ஆரம்பிப்பார்.

"அப்பாக்களுக்கு மட்டுமாவது அந்தச் சட்டத்தை வெச்சிருக்கலாம்" என்றார் அவருடைய மனைவி. அந்த அம்மா இருபது டாலர் கொடுத்து ஆன்லைனில் வரவழைத்த யூனிகார்ன் பட்டம் மகளின் மடியில் இருந்தது. இளஞ்சிவப்பு. வைர வடிவம். பன்னிரண்டு அடிக்கு வானவில் வால். ஒரு வாரமாக அந்தக் குழந்தை அதைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கியிருக்கிறாள்.

மேட்டில் பாய் விரித்தோம். அப்பா கையை நீட்டினார். வசனம் சொன்னார். குழந்தை கொடுத்தாள். அது முதல் தப்பு.

அந்தப் பட்டத்தைச் சும்மா காற்றில் காட்டியிருந்தாலே போதும், தானே ஏறியிருக்கும். ஏழு வயதுக் குழந்தை விடுவதற்கென்றே செய்தது. ஆனால் பட்டத்து அப்பா தானாக ஏறுகிற எதையும் மதிப்பதில்லை. திருப்பிப் பார்த்தார், தட்டிப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார். "சூத்திரம் போட்டிருக்கான் பாரு, தொட்டில் கட்டற மாதிரி." சூத்திரம் என்பது பட்டத்தின் முதுகுக் குச்சியில் மேலொன்றும் கீழொன்றுமாகக் கட்டி, நடுவில் ஒரு முடிச்சில் சேர்த்து, நூலைப் பிணைக்கிற அமைப்பு. கம்பெனிக்காரன் போட்டதை அவிழ்த்தார். அறுக்கிற சண்டைக்கு விடும் டீல் காத்தாடிக்குப் போடுகிற கணக்கில் தானே போட்டார். பிறகு வாலைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தார்.

"வால் எதுக்கு? நம்ம ஊர்ல வால் வெச்சு டீலுக்கு வந்தா சிரிப்பாங்க."

பன்னிரண்டு அடி வானவில்லை உருவிக் குழந்தையிடம் கொடுத்தார். அவள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு இடுப்பில் நாலு சுற்றுச் சுற்றிப் பாவாடையாகக் கட்டிக்கொண்டு, முறுக்கு டப்பாவைத் திறந்தாள்.

வால் போன யூனிகார்ன் பத்தடி ஏறியது, பம்பரமாகச் சுற்றியது, மூக்கைத் தரையில் குத்தியது. மறுபடி. மறுபடி. அவர் பின்பக்கமாகவே ஓடுவார். பட்டத்து அப்பாவுக்கு முன்பக்கம் என்று ஒன்று கிடையாது. கண் ஆகாயத்தில், கால் அடுத்தவர் வீட்டுப் பாயில். ஒரு எத்தியோப்பியக் குடும்பத்தின் இஞ்சேரா ரொட்டியை அரை அங்குலத்தில் தாண்டினார். அவர்கள் கோபித்துக்கொள்ளவில்லை. அவர்கள் வீட்டு அப்பா அந்த நேரத்தில் வேறு யாருடைய சாப்பாட்டுக்கு நடுவிலோ நின்றிருந்தார்.

ஒவ்வொரு தடவை விழும்போதும் குற்றவாளி மாறினார். முதலில் காற்று: தூண் 555 அடி நிற்கிறதே, அது காற்றை உடைக்கிறது. பிறகு நூல்: "இது நூலா? பொடவைக்கு ஃபால்ஸ் தைக்கலாம்." பிறகு ஆற்றோரமாக இறங்குகிற விமானங்கள். கோபம் ஏற ஏற அவருடைய பாஷையும் இறங்கிக்கொண்டே வந்தது. இங்கிலீஷ் போய், ஆபீஸ் தமிழ் போய், கடைசியில் "இன்னாடா இது, குந்திக்கினே கீது" என்று பிறந்த தெருவுக்கே வந்து சேர்ந்தார். போனில் "ஷ்யூர்" சொல்கிற மனிதரைவிட இவர் எனக்கு மிகவும் பிடித்திருந்தார் என்பதையும் சொல்லிவிடவேண்டும்.

இடையில் ரொக்காக்குச் சண்டை பார்க்கப் போனோம். ஜப்பானிய அறுகோணப் பட்டங்கள். சில ஆள் உயரம் இருக்கும். ஒன்றையொன்று முட்டியும் நூலால் வளைத்துப் பிடித்தும் காற்றை மறித்தும் கீழே தள்ளுகிற ஆட்டம். மாஞ்சாவுக்கு வேலையே இல்லை. நம்மவர் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். "அறுக்காம என்னா சண்டை? இது பேச்சுவார்த்தை." வாஷிங்டனுக்குப் பொருத்தமான ஆட்டம்தான் என்று நினைத்துக்கொண்டேன். ஆபீசில் டீல் என்றால் கையெழுத்து, இவருக்கு டீல் என்றால் அறுப்பு. ஒரே வார்த்தையை வைத்துக்கொண்டு இரண்டு பிழைப்பையும் எப்படி நடத்துகிறாரோ!

இந்த விழாவை ஆரம்பித்தவர் பால் கார்பர். ஸ்மித்சோனியனில் விமானங்களைச் சேகரித்தே ஆயுளைக் கழித்தவர். அட்லாண்டிக்கைத் தனி ஆளாகப் பறந்து தாண்டிய லிண்ட்பெர்க் பாரிஸ் போய்ச் சேருவதற்குள்ளேயே அவருடைய விமானத்தை எங்கள் மியூசியத்துக்குக் கேளுங்கள் என்று பிடிவாதம் பிடித்த மனிதர். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் கடற்படையின் பீரங்கிக்காரர்கள் குறிபார்த்துப் பழகுவதற்கு, விமானம் போலவே வளைந்து பறக்கிற பட்டம் ஒன்றைச் செய்துகொடுத்தார். அதாவது, ராணுவச் செலவில் பட்டம் விட்டவர். பட்டத்து அப்பாக்கள் கோயில் கட்டினால் மூலவர் அவர்தான். அவர் சிறுவனாக இதே ஊரில் பட்டம் விட்டுக்கொண்டிருந்தபோது, அந்த வழியாக வந்த தாடிக்காரர் ஒருவர் நின்று, அவருடைய பட்டத்தின் சூத்திரத்தைச் சரிசெய்து கொடுத்தாராம். தாடிக்காரர், டெலிபோன் கண்டுபிடித்த கிரகாம் பெல். பெல்லுக்கும் பட்டப் பைத்தியம் உண்டு. முக்கோணக் கூடுகளை அடுக்கி அடுக்கி ஆளையே தூக்குகிற பட்டம் செய்தவர். அப்படிப்பட்டவர் ஒரு பையனின் நூலைக் கையில் வாங்கிவிட்டுத் திருப்பியும் கொடுத்தார் என்றால், டெலிபோனைவிடப் பெரிய காரியம் அதுதான்.

மூன்று மணிக்குக் காற்று நன்றாக எழுந்தது. சுற்றிலும் எல்லார் பட்டமும் மேலே. எங்கள் யூனிகார்ன் மட்டும் புல்லில் மல்லாந்து கிடந்தது. கொம்பு மடங்கிவிட்டிருந்தது.

அப்போதுதான் பக்கத்துப் பாயிலிருந்து ஒரு பெரியவர் எழுந்து வந்தார். எழுபது இருக்கும். ஸ்வெட்டருக்கு மேல் கோட்டு, கோட்டுக்கு மேல் மப்ளர். வல்வெட்டித்துறைக்காரர். டொராண்டோவிலிருந்து மகள் வீட்டுக்கு வந்திருக்கிறாராம். வெகுநேரமாக அவர் தன் மடக்கு நாற்காலியில் நெளிந்துகொண்டிருந்ததை நான் கவனித்திருந்தேன். கல்யாணப் பந்தியில் சாம்பாருக்கு உப்புப் போதவில்லை என்று தெரிந்த சமையல்காரர் நெளிவாரே, அந்த நெளிசல்.

"தம்பி, குறை நினைக்காதேங்கோ. உது ஏறாது. முச்சை பிழை."

"என்னா அங்கிள் பிழை?"

"முச்சை. உந்தக் கயிறு."

"ஓ, சூத்திரமா? அது கரெக்டா போட்டிருக்கேன் அங்கிள். டீல் சூத்திரம்."

"அது அறுக்கிற பட்டத்துக்குச் சரியா இருக்கும். இது பிள்ளையள் விடுற பட்டமெல்லோ. வால் எங்க?"

வால் பாயில் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தது. பெரியவர் அதைக் கண்டுபிடித்தார். மெல்லக் குந்தி உட்கார்ந்து, "பிள்ளை, உங்கட பாவாடையைக் கொஞ்சம் தாறீங்களோ?" என்றார். அன்று முழுக்க அவளிடம் யாராவது எதையாவது கேட்டு வாங்கியது அதுதான் இரண்டாவது தடவை. அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு நாலு சுற்றையும் அவிழ்த்துக் கொடுத்தாள்.

பெரியவர் பட்டத்தை மடியில் கவிழ்த்துப் போட்டு, கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கி, முடிச்சைப் பல்லால் இளக்கினார். கட்டைவிரல் நகத்தின் அகலத்துக்கு, அவ்வளவே, மூக்குப் பக்கமாக நகர்த்தினார். இரண்டு விரலில் தொங்கவிட்டுப் பார்த்தார். மறுபடி ஒரு நூலிழை நகர்த்தினார். கை நடுங்கியது. முடிச்சு நடுங்கவில்லை. எங்கள் ஊரில் தைப்பொங்கலுக்குப் பட்டம் ஏற்றினால் விண் என்கிற அதிர்நாரைப் பூட்டித்தான் ஏற்றுவோம், இராமுழுக்கக் கூவிக்கொண்டே நிற்கும், படுக்கையில் கிடந்தே எது யாருடைய பட்டம் என்று சொல்லிவிடலாம் என்றார். வண்ணாரப்பேட்டை உடனே ஏழு காத்தாடிக் கதையை எடுத்தார். பெரியவர் மரியாதையாகக் கேட்டார். கேட்டு முடித்து, "அறுத்துப்போட்டு என்ன செய்யிறது, தம்பி? பட்டம் மேல நிக்கவெல்லோ வேணும்" என்றார். சென்னைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் பட்டத்தில் உள்ள வித்தியாசத்தை இதற்கு மேல் சுருக்கமாக நான் கேட்டதில்லை. நம்மவர் அன்று முதல் தடவையாகப் பதில் சொல்லவில்லை.

பிறகு பெரியவர் எழுந்து, காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றார். நூலைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"அங்கிள், நான்..."

"பொறுங்கோ தம்பி. ஏத்தி மட்டும் தாறன்."

யூனிகார்ன் ஓடவே இல்லை. நின்ற இடத்திலிருந்து கிளம்பியது. சுற்றிக் கட்டியிருக்கும் ஐம்பது கொடிகளைத் தாண்டியது, ஆக்டோபஸைத் தாண்டியது, வானவில் வாலை ஆட்டிக்கொண்டு தூணின் நுனி வரைக்கும் போகும் போலிருந்தது. பெரியவர் இரண்டு விரலால் நூலைச் சுண்டினார், விட்டார், சுண்டினார். மப்ளர் கழன்று விழுந்தது. அவர் எடுக்கவில்லை. வாய் திறந்திருந்தது.

ஐந்து நிமிஷம் கழித்து, "அங்கிள், கொஞ்சம் குடுங்களேன்" என்று நம்மவர் கை நீட்டினார். பெரியவருக்குக் காது கேட்கவில்லை. பத்து நிமிஷம் கழித்து, "பாப்பா கேக்கறா அங்கிள்" என்றார். பாப்பா கேட்கவே இல்லை. பெரியவருடைய மகள் எங்களைப் பார்த்து, மன்னித்துக்கொள்ளுங்கள் என்பது போலச் சிரித்தாள். அவளுக்குப் பழக்கமான காட்சி போலிருக்கிறது.

நம்மவர் மெல்லப் பாய்க்கு வந்து உட்கார்ந்தார். ஷூவைக் கழற்றினார். மறுபடி மாட்டினார். குழந்தை அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"உனக்கும் குடுக்கலையாப்பா?" என்று கேட்டு, முறுக்கு டப்பாவை அவர் பக்கம் நகர்த்தினாள்.